அரசாங்கத்துக்கு ஏற்கெனவே தெரிந்த கணக்கு

அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில், எடிசனில் என் அலுவலகம் ஒரு மளிகைக் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது. வரிக் கணக்குத் தாக்கல் செய்து தருவது என் தொழில். ஜனவரி கடைசியிலிருந்து ஏப்ரல் 15 வரை என் வீட்டில் யாரும் என்னைச் சாப்பாட்டுக்கு எதிர்பார்ப்பதில்லை.

2024 மார்ச்சில் ஒரு சனிக்கிழமை, பல வருடங்களாக என்னிடம் வருகிற ஒருவர் மகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். மகள் நர்ஸ். முந்தைய ஆண்டின் நடுவில்தான் முதல் வேலையில் சேர்ந்திருந்தாள். அப்பாவின் காகிதங்களை நான் ஸ்கேன் செய்துகொண்டிருக்கும்போது போனை நீட்டினாள்.

"அங்கிள், ஃப்ரீன்னு விளம்பரம் பார்த்துதான் ஆரம்பிச்சேன். கடைசியில நூத்துச் சொச்சம் டாலர் கேட்டாங்க. ரெண்டு மணி நேரம் உட்கார்ந்து டைப் பண்ணியாச்சேன்னு கட்டிட்டேன்."

எந்த மென்பொருள் என்பது இங்கே வேண்டாம். படிப்புக் கடனுக்குக் கட்டிய வட்டியைக் கழித்துக்கொள்ள ஒரு கட்டம் உண்டு. அதைத் தொட்டதும் இலவசப் பதிப்பு காசுப் பதிப்பாக மாறியிருக்கிறது. அமெரிக்க வரித் துறையான ஐஆர்எஸ்ஸின் தளத்துக்குப் போய் அங்கிருக்கும் ஃப்ரீ ஃபைல் என்ற இலவசத் தாக்கல் ஏற்பாட்டின் வழியாக நுழைந்திருந்தால், அவளுடைய அந்த ஆண்டு வருமானத்துக்கு ஃபெடரல், அதாவது மத்திய அரசுக்கான, கணக்கு காசில்லாமல் முடிந்திருக்கும்.

"அப்படி ஒண்ணு இருக்கா?"

இருக்கிறது. 2003-லிருந்து இருக்கிறது. அவளுக்கு அது தெரியாமல் போனதற்கு அவளுடைய அசட்டை காரணமில்லை.

ஒரு விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். சம்பளக்காரர்கள் என்னிடம் கொண்டுவரும், வேலை கொடுத்தவர் தரும் டபிள்யூ-2 தாளில் முதல் கட்டம் சம்பளம், இரண்டாவது கட்டம் பிடித்த வரி. இதே தாளின் நகல் ஜனவரி முடிவதற்குள் அரசாங்கத்துக்கும் போயாக வேண்டும். வங்கி வட்டியும் அப்படித்தான் போகிறது. நீங்கள் எதையாவது எழுத மறந்தால் ஒரு வருடம் கழித்து சிபி2000 என்று ஒரு கடிதம் வரும்: "நீங்கள் சொன்னது இவ்வளவு, எங்களிடம் இருப்பது இவ்வளவு, வித்தியாசத்துக்கு வரியும் வட்டியும் கட்டவும்." புதிய வங்கிக் கணக்கு தொடங்கியதற்குக் கிடைத்த 600 டாலர் போனஸை மறந்துவிட்டு, இந்தக் கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு பதறி ஓடிவருபவர் வருடத்துக்கு ஒருவராவது உண்டு. அவர்களைச் சமாதானப்படுத்தும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது ஒன்றுதான். எல்லாம் அவர்களிடமே இருக்கிறது என்றால், ஒரே ஒரு சம்பளம் வாங்கும் மனுஷனிடம் ஏன் அதைத் திரும்பக் கேட்கிறார்கள்?

இது எனக்கு மட்டும் தோன்றிய கேள்வி இல்லை. 1985-ல் அதிபர் ரேகன் வரிச் சீர்திருத்தம் பற்றிப் பேசியபோது, பாதிக்கும் மேற்பட்டவர்கள் படிவமே நிரப்ப வேண்டாத ஒரு முறையைக் கொண்டுவருவதாகச் சொன்னார். 1998-ல் நிறைவேறிய ஐஆர்எஸ் சீரமைப்புச் சட்டம், 2007-க்குப் பிறகான வரியாண்டுகளில் தகுதியானவர்களுக்குப் படிவமில்லாத முறையை ஏற்படுத்த வழி செய்யும்படி கருவூலத் துறைக்கு உத்தரவே போட்டது. சட்டப் புத்தகத்தில் அச்சான வாசகம். நடக்கவில்லை.

இங்கேதான் லாபி வருகிறது: சட்டம் செய்பவர்களைப் பார்த்துத் தங்களுக்கு வேண்டியதைக் கேட்டுப் பேசுவது. லாபி என்றதும் நம் மனதில் வருவது பெட்டியில் பணம் கைமாறும் காட்சி. ஊரில் பார்த்துப் பழகிய கண். பள்ளிப் பாடத்தில் 'அழுத்தக் குழுக்கள்' என்று இரண்டு மதிப்பெண்ணுக்குப் படித்ததும் கொஞ்சம் உதவாமல்தான் போயிற்று. அமெரிக்காவில் லஞ்சம் குற்றம், லாபி உரிமை. குறைகளைத் தீர்க்கச் சொல்லி அரசிடம் முறையிடும் உரிமையை அரசியல் சாசனத்தின் முதல் திருத்தமே தருகிறது. இதற்குப் பதிவு, கணக்கு, படிவம் எல்லாம் உண்டு. நாடு முழுவதும் ஃபெடரல் லாபிக்கு ஆண்டுக்கு 400 கோடி டாலருக்கு மேல் செலவாகிறது. இதில் பெரும்பங்கு எதையாவது நடத்திக் காட்டுவதற்குப் போகிறது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். என் தொழிலைப் பார்த்தபிறகு அப்படித் தோன்றவில்லை. ஒன்று நடக்காமல் பார்த்துக்கொள்வதற்குத்தான் நல்ல சம்பளம். நடக்காத விஷயத்தைப் பற்றி யாரும் கேள்வி கேட்பதில்லை, பாருங்கள்.

வரி விஷயத்தில் நடந்தது இதுதான். 2000-களின் தொடக்கத்தில், அதிபர் புஷ்ஷின் நிர்வாகம் இலவசமாக இணையத்தில் கணக்குத் தாக்கல் செய்யும் வசதியைக் கொண்டுவர யோசித்தது. டர்போடாக்ஸ் என்ற வரி மென்பொருளை நடத்தும் இன்ட்யூட்டும் மற்ற நிறுவனங்களும் விழித்துக்கொண்டன. 2002-ல் ஓர் ஒப்பந்தம். வருமானம் குறைந்தவர்களுக்கு நிறுவனங்களே இலவசச் சேவை தரும். பதிலுக்கு, ஐஆர்எஸ் சொந்தமாக அப்படி ஒரு மென்பொருளை உருவாக்கிப் போட்டிக்கு வரக் கூடாது. கேட்கும்போது நல்ல ஏற்பாடாகத்தான் தெரிகிறது. கடைக்காரர் கோயிலுக்கு அன்னதானம் போடுகிறார், ஊர்ப் பொதுச் சமையலறை மட்டும் கட்டக் கூடாது என்கிறார். அன்னதானம் எந்த வாசலில் நடக்கிறது என்று சொல்வதும் அவர் பொறுப்பு.

அந்த வாசல் எப்படி இருந்தது என்பதைக் கருவூலத் துறையின் தணிக்கையாளர்கள் 2020-ல் சொன்னார்கள். தகுதி பெற்றவர்கள் 10.4 கோடிப் பேர். பயன்படுத்தியவர்கள் 25 லட்சம். தகுதி இருந்தும் 1.4 கோடிக்கு மேற்பட்டோர் காசு கொடுத்துத் தாக்கல் செய்திருக்கக்கூடும் என்றது அந்த அறிக்கை. அதற்கு முந்தைய ஆண்டு ப்ரோபப்ளிகா என்ற செய்தி நிறுவனம், டர்போடாக்ஸின் ஃப்ரீ ஃபைல் பக்கம் கூகுள் தேடலில் வராதபடி அதில் ஒரு குறியீடு சேர்க்கப்பட்டிருந்ததை வெளியிட்டது. 2022-ல் இன்ட்யூட், குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலேயே, 50 மாநிலங்களுடனும் தலைநகருடனும் சமரசம் செய்துகொண்டு 14.1 கோடி டாலர் கொடுக்கச் சம்மதித்தது. சுமார் 44 லட்சம் பேருக்கு ஆளுக்கு 30 டாலர் அளவில் காசோலை போனது. என் வாடிக்கையாளர் ஒருவர் அந்தக் காசோலையை மோசடி என்று நினைத்து என்னிடம் காட்டிவிட்டுத்தான் வங்கியில் போட்டார்.

2019-ல் இன்னொன்றும் நடந்தது. 'வரி செலுத்துவோருக்கே முதலிடம்' என்ற பொருளில் பெயர் வைத்த ஒரு மசோதா. பெயரை ரசியுங்கள். அதற்குள் ஃப்ரீ ஃபைல் ஏற்பாட்டை நிரந்தரச் சட்டமாக்கும் ஒரு பிரிவு இருந்தது. இரண்டு கட்சிக்காரர்களும் ஆதரிக்க, பிரதிநிதிகள் சபையில் குரல் வாக்கெடுப்பிலேயே நிறைவேறிவிட்டது. செய்திகள் வெளிவந்து சத்தம் கிளம்பிய பிறகு அந்தப் பிரிவை எடுத்துவிட்டுத்தான் மசோதா சட்டமானது. அந்த டிசம்பரில் ஒப்பந்தத்திலிருந்தும் போட்டிக்கு வரக் கூடாது என்ற நிபந்தனை நீங்கியது. பதினேழு வருடம் நின்ற வேலி.

இனி நான் சம்பந்தப்பட்டது. அந்தச் சத்தமெல்லாம் கிளம்புவதற்கு முன், நான் உறுப்பினராக இருந்த ஒரு தொழில் சங்கம் எங்களில் சிலரை வாஷிங்டனுக்கு அழைத்துப் போனது. ஒரு நாள் பயணம். கோட்டு போட்டுக்கொண்டு வரச் சொன்னார்கள். வரிச் சட்டங்கள் பிறக்கும் குழுவின் அறை இருக்கிற லாங்வர்த் கட்டடத்தின் நீள நடைபாதைகளில் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினோம். பிரதிநிதிகள் சபை உறுப்பினரைப் பார்ப்போம் என்று போனால், பார்த்தது அவருடைய உதவியாளரை. இருபத்தைந்து வயது இருக்கும். வரி மட்டுமில்லாமல் மருத்துவம், வர்த்தகம், முன்னாள் ராணுவத்தினர் நலன் எல்லாம் அந்தப் பையன் தலையில். எங்களுக்குப் பதினைந்து நிமிடம். நாங்கள் கொண்டுபோனது ஒரே தாள். ஐஆர்எஸ் தொலைபேசியில் எங்களைப் போன்றவர்கள் மணிக்கணக்கில் காத்துக் கிடப்பது முதல் குறிப்பு, நியாயமானது. மூன்றாவது குறிப்பு, வரி வசூலிக்கும் துறையே மக்களுக்குக் கணக்கு எழுதித் தரக் கூடாது என்பது. எங்கள் பிழைப்பு என்று அதில் எழுதவில்லை. தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் என்று எழுதியிருந்தது. நான் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பையன் கவனமாகக் கேட்டான். குறிப்பெடுத்தான். கிளம்பும்போது, "இந்தத் தாளை வேர்டு ஃபைலாக அனுப்ப முடியுமா?" என்றான்.

லாபி எப்படி வேலை செய்கிறது என்று யாராவது என்னைக் கேட்டால் அந்த ஒரு கேள்வியைத்தான் சொல்வேன். அவன் ஊழல்காரன் இல்லை. நேரமில்லாதவன். நாளை அவன் எழுத வேண்டிய கடிதத்துக்கு வார்த்தைகள் ஏற்கெனவே அழகாகத் தட்டச்சாகி வந்திருக்கின்றன. அதே மேஜைக்கு அந்த நர்ஸ் பெண்ணின் தாள் எப்போதும் வந்ததில்லை. அவள் ஷிஃப்டில் இருக்கிறாள். நாங்கள் வருடத்தில் ஒரு நாள் போகும் கத்துக்குட்டிகள். வாஷிங்டனில் லாபித் தொழிலுக்குப் பேர்போன கே ஸ்ட்ரீட்டின் நிறுவனங்களில் இருப்பவர்கள் பலர் ஒரு காலத்தில் அந்தப் பையனின் நாற்காலியில் இருந்தவர்கள். செனட்டர் பதவி விலகினால் 2 வருடம், பிரதிநிதி என்றால் 1 வருடம் லாபி செய்யக் கூடாது என்று விதி உண்டு. அதுவரை 'ஆலோசனை' சொல்லலாம்.

தேர்தல் நன்கொடை இதற்குப் பக்க வாத்தியம். ஒரு நிறுவனத்தின் அரசியல் நிதிக் குழு ஒரு வேட்பாளருக்கு ஒரு தேர்தலில் 5,000 டாலர்தான் தரலாம். 2010-ல் உச்ச நீதிமன்றத்தின் சிட்டிசன்ஸ் யுனைடெட் தீர்ப்புக்குப் பிறகு வெளிக் குழுக்கள் வழியாக அளவில்லாமல் செலவழிக்க வழி திறந்தது. அந்தப் பணம் ஓட்டை வாங்குவதை விட, போன் எடுக்கப்படுவதை உறுதி செய்கிறது என்பது என் அனுமானம்.

கணக்கைப் பார்த்தால் இதில் ஆச்சரியமும் இல்லை. இன்ட்யூட்டின் 2024 நிதியாண்டு வருவாய் 1,630 கோடி டாலர். அரசாங்கம் இலவசமாகத் தாக்கல் வசதி கொடுத்துவிடலாம் என்பதை அந்த நிறுவனம் முதலீட்டாளர்களுக்குத் தரும் ஆண்டறிக்கையிலேயே ஓர் ஆபத்தாகக் குறிப்பிடுகிறது. ஃபெடரல் லாபிக்கு அவர்கள் செலவழிப்பது ஆண்டுக்குச் சில மில்லியன். எந்த முதலீட்டில் இப்படி வட்டி கிடைக்கும்? இந்தப் பக்கம் இழப்பவருக்கு நூறு டாலர் போகிறது. நூறு டாலருக்காக யாரும் வேலைக்கு லீவு போட்டு வாஷிங்டன் போக மாட்டார்கள்.

ஒருவர் கிட்டத்தட்டப் போனார். கலிஃபோர்னியாவில் 2005-ல் மாநில வரிக்கு ரெடிரிட்டர்ன் என்று ஒரு சோதனை நடந்தது. அரசே நிரப்பி அனுப்பும், சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டால் போதும். பயன்படுத்தியவர்களுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. இன்ட்யூட் கடுமையாக எதிர்த்தது. அந்த யோசனைக்குப் பின்னால் இருந்த ஸ்டான்ஃபோர்டு சட்டப் பேராசிரியர் ஜோசப் பேங்க்மன், சொந்தப் பணம் சுமார் 30,000 டாலர் போட்டு ஒரு லாபியிஸ்ட்டை அமர்த்தினார். திட்டத்தைக் கொஞ்ச காலம் காப்பாற்ற முடிந்தது. நாடு முழுவதும் பரவவில்லை.

எதிர்ப்பவர்கள் எல்லாரும் கூலிக்குப் பேசுகிறார்கள் என்றும் சொல்ல மாட்டேன். வரி வாங்குபவரே கணக்கும் எழுதினால் சந்தேகத்தின் பலனை யாருக்குக் கொடுப்பார் என்பது உண்மையான கேள்வி. வரி வலிக்காமல் போனால் மக்கள் வரி உயர்வைக் கவனிக்க மாட்டார்கள் என்று வரி உயர்வை எதிர்த்துப் பிரசாரம் செய்யும் க்ரோவர் நார்க்விஸ்ட் போன்றவர்கள் நெடுநாளாக வாதிடுகிறார்கள். அதேபோல் லாபி என்பது கம்பெனிகளின் தனிச் சொத்தும் இல்லை. நுகர்வோர் அமைப்புகள் வருடக்கணக்கில் கதவு தட்டியதால்தான் 2022-ன் ஒரு சட்டத்தில், ஐஆர்எஸ்ஸே தாக்கல் வசதி நடத்த முடியுமா என்று ஆராய 1.5 கோடி டாலர் ஒதுக்கினார்கள். அதிலிருந்து பிறந்தது டைரக்ட் ஃபைல். 2024-ல் 12 மாநிலங்களில் சோதனை. 1,40,803 பேர் பயன்படுத்தினார்கள்.

அடுத்த ஆண்டு 25 மாநிலங்கள். நியூ ஜெர்சியும் சேர்ந்தது. நர்ஸ் பெண்ணுக்கு முழு வருடச் சம்பளம் வந்திருந்ததால் ஃப்ரீ ஃபைலின் 84,000 டாலர் வரம்பைத் தாண்டிவிட்டாள். டைரக்ட் ஃபைலைப் பார் என்றேன். "நாற்பது நிமிஷம் அங்கிள், ஒரு இடத்துலகூட கார்டு நம்பர் கேக்கல" என்று ஸ்மைலியோடு செய்தி அனுப்பினாள்.

2025 நவம்பரில், அடுத்த பருவத்துக்கு டைரக்ட் ஃபைல் கிடையாது என்று ஐஆர்எஸ் மாநிலங்களுக்குத் தெரிவித்தது. பயன்படுத்தியவர்கள் குறைவு, செலவு அதிகம், தனியார் இதைவிட நன்றாகச் செய்வார்கள் என்றது நிர்வாகம். இரண்டு வயதுக் குழந்தை ஏன் இன்னும் பத்தாவது பாஸாகவில்லை என்று கேட்பது மாதிரி எனக்குப் பட்டது.

படிப்பவர்களுக்குச் சில விஷயங்கள். செனட்டின் லாபி வெளிப்படுத்தல் தளத்தில் எந்த நிறுவனத்தின் பெயரையும் போட்டுத் தேடலாம், காசில்லை. 1995-ல் வந்த சட்டப்படி மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்குக் கொடுக்கிறார்கள். எந்த மசோதா, எவ்வளவு பணம், லாபியிஸ்ட் முன்பு எந்த அரசுப் பதவியில் இருந்தார் என்பதெல்லாம் கிடைக்கும். யாரைப் பார்த்தார்கள், ஆதரித்தார்களா எதிர்த்தார்களா என்பது இருக்காது. 'செனட், கருவூலத் துறை' என்று பொதுவாகப் போட்டிருக்கும். ஒரு வாடிக்கையாளருக்காகத் தன் நேரத்தில் 20 சதவீதத்துக்கும் குறைவாகச் செலவிடுபவர் லாபியிஸ்ட்டாகப் பதிவு செய்யவே வேண்டாம். எச்-1பி விசாவில் இருப்பவர்கள் தேர்தல் நன்கொடை தரக் கூடாது; தெரியாமல் கொடுத்துவிட்டு என்னிடம் வந்தவர் உண்டு. ஆனால் உங்கள் தொகுதிப் பிரதிநிதியின் அலுவலகத்துக்குக் கடிதம் எழுதக் குடியுரிமை தேவையில்லை. ஒரே பக்கம், தொகுதி முகவரி, உங்களுக்கு நடந்தது. அந்தப் பையனுக்கு அதுவும் ஒரு தாள்தான். அப்புறம், ஐஆர்எஸ் தளத்தில் உங்கள் கணக்கைத் திறந்து 'வேஜ் அண்ட் இன்கம் டிரான்ஸ்கிரிப்ட்' என்பதைப் பாருங்கள். உங்களைப் பற்றி அவர்களிடம் என்ன இருக்கிறது என்பது அதில் தெரியும்.

இந்த ஆண்டு பிப்ரவரியில் அந்தப் பெண் மறுபடி வந்தாள். வருமான வரம்பு இல்லாத வெற்றுப் படிவங்களை ஐஆர்எஸ் தளத்தில் தானே நிரப்பலாம் என்று காட்டினேன். நைட் ஷிஃப்ட் முடித்து வந்த முகம், பார்க்கவே இல்லை. போன வருடத்து டிரான்ஸ்கிரிப்ட்டைத் திரையில் திறந்து வைத்தேன். சம்பளம், பிடித்த வரி, கடன் வட்டி, சேமிப்புக் கணக்கின் 14 டாலர் வட்டி வரை வரிசையாக இருந்தது.

"எல்லாம் அவங்ககிட்டயே இருக்கு. அப்புறம் நான் எதுக்கு இங்க வந்தேன்?"

கணக்கை முடித்துக் கொடுத்தேன். காசு வாங்கவில்லை என்று எழுதத்தான் ஆசை. நண்பர் மகள் என்று கொஞ்சம் குறைத்து வாங்கிக்கொண்டேன்.