ரெலிபோன் வயரையும் கழற்றுங்கள்

ரெலிபோன் கம்பி வழியாக இணையத்துக்குப் போன காலத்தில், யாழ்ப்பாணத்தில் கொம்பியூட்டர் திருத்திக்கொண்டிருந்தபோது நான் எழுதியது இது.

மழை தொடங்கி இன்னும் இரண்டு கிழமை ஆகவில்லை. என் மேசையில் மின்னலில் எரிந்த ஐந்து மொடங்கள் கிடக்கின்றன. மொடம் என்பது ரெலிபோன் கம்பி வழியே கொம்பியூட்டரை இணையத்தோடு இணைக்கிற கருவி. ஐந்தும் கொம்பியூட்டருக்கு வெளியே வைக்கிற வகை. ஐந்தும் ஆரோ பாவித்துக் கைமாறி வந்தவை.

ஐந்தாவது நேற்று வந்தது. சுன்னாகப் பக்கமிருந்து ஒரு அம்மா, உயர்தரம் படிக்கிற மகளையும் கூட்டிக்கொண்டு, கொம்பியூட்டரை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். கனடாவில் இருக்கிற மகனோடு மின்னஞ்சலில் கதைக்கவென்று வாங்கிய மொடம். வாங்கி ஒரு மாதம்தான். திறந்து பார்த்தால் ரெலிபோன் வயர் செருகுகிற இடத்துக்குப் பின்னால் எல்லாம் கரி. மொடம் போனால் போகட்டும், இன்னொன்று வாங்கலாம். மொடத்தைக் கொம்பியூட்டரோடு இணைக்கிற சீரியல் கேபிள் வழியே ஏறின மின்னல், கொம்பியூட்டருக்குள் இருக்கிற மதர்போர்ட் என்ற முதன்மைப் பலகையையும் சேர்த்துக் கொண்டுபோய்விட்டது. அந்தப் பிள்ளை செய்து வைத்திருந்த பாடக் குறிப்புகள் ஹார்ட் டிஸ்க்கில் பத்திரமாக இருக்கின்றன, அந்த அளவில் நிம்மதி.

"சுவிட்ச்சை நிப்பாட்டி, பிளக்கையும் கழட்டித்தானே தம்பி வச்சனாங்கள். பிறகெப்பிடி எரியும்?" என்று கேட்டார் அந்த அம்மா.

இதே கேள்வியை ஐந்து பேரும் கேட்டார்கள். போன வருடம் வந்தவர்களும் கேட்டார்கள். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

கரன்ட் போன இரவில் உங்கள் வீட்டு ரெலிபோனை எடுத்துப் பாருங்கள். ஊரே இருட்டாகக் கிடக்கும், ரெலிபோன் மட்டும் கூவென்று கேட்கும். எப்படி? அந்தக் கம்பியில் தொலைபேசி நிலையத்திலிருந்து 48 வோல்ற் எந்நேரமும் வந்துகொண்டிருக்கிறது. மணி அடிக்கும்போது அதைவிடக் கூட வரும், வயரைக் கழற்றும்போது சிலருக்கு விரலில் சுள்ளென்று பிடித்திருக்கும். உங்கள் வீட்டுச் சுவிட்ச்சுக்கும் அந்தக் கம்பிக்கும் ஒரு தொடர்பும் இல்லை. கம்பத்துக்குக் கம்பம், ஒழுங்கை நெடுக, பனைகளுக்கு நடுவால் வந்து உங்கள் கூரைத் தாழ்வாரத்தில் இறங்குகிற கம்பி அது. மின்னல் உங்கள் வளவில் விழத் தேவையில்லை. தள்ளி எங்கேயோ ஒரு பனையில் விழுந்தாலே அந்த நீளக் கம்பியில் சில ஆயிரம் வோல்ற் ஏறிவிடும். அது வந்து சேருகிற இடம் மொடம். மொடத்துக்குள்ளே அதைத் தடுக்கவென்று சின்னதாக ஒன்றிரண்டு பாகங்கள் இருக்கின்றன, ஆனால் அவை இவ்வளவைத் தாங்கச் செய்யப்பட்டவை அல்ல.

"எங்களிட்டை யூபிஎஸ் இருக்கு" என்பவர்களுக்கும் இதுதான் பதில். யூபிஎஸ் என்பது கரன்ட் போனாலும் கொம்பியூட்டரைக் கொஞ்ச நேரம் ஓட வைக்கிற பெட்டி, அது காவல் நிற்பது கரன்ட் வாசலில். ரெலிபோன் வயர் வருவது மற்ற வாசலால். ரெலிபோன் வயரையும் செருகுவதற்கு யூபிஎஸ்ஸின் பின்புறத்தில் தனித் துளைகள் இருந்து, நீங்கள் அதன் வழியாகவே வயரைக் கொண்டுபோயிருந்தால் ஓரளவு பாதுகாப்பு உண்டு. என்னிடம் வந்தவர்களில் ஒருவர்கூட அப்படிச் செய்திருக்கவில்லை.

ஆகவே கழற்றுங்கள். பிளக், ரெலிபோன் வயர் இரண்டையும். வானம் கறுக்கத் தொடங்கும்போதே கழற்றுங்கள். தலைக்கு மேலே முழங்கத் தொடங்கிய பிறகு ஓடிப்போய் வயரில் கை வைக்க வேண்டாம், பிள்ளைகளை வைக்க விடவும் வேண்டாம். மொடம் போனால் போகட்டும். இணையத்தில் வேலை முடிந்ததும் கழற்றிவிடுகிற பழக்கம் இருந்தால் இந்த ஓட்டமே தேவைப்படாது.

சரி, இனி வாங்குகிற இடத்துக்கு வருகிறேன். போரால் மூடிக்கிடந்த ஏ9 பாதை 2002இல் திறந்த பிறகு கொழும்பிலிருந்து பழைய மொடங்கள் நிறைய வருகின்றன. வெளிநாட்டிலிருந்து வருகிற சொந்தக்காரர்களும் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவருகிறார்கள். அவற்றில் எத்தனை ஏற்கெனவே மின்னலடி பட்டவை என்று வெளியே பார்த்துச் சொல்லவே முடியாது. விற்பவர் பிளக்கைப் போட்டு, "பாருங்கோ, லைற் எல்லாம் எரியுது" என்பார். லைற் எரிவது மின்சாரப் பகுதி உயிரோடு இருக்கிறது என்பதற்கு மட்டும்தான் சாட்சி. விண்டோஸிலிருந்து மொடத்துக்குக் கட்டளை கொடுக்கிற ஹைப்பர்ரெர்மினல் என்ற நிரலில் ஏடி (AT) என்று தட்டினால் ஓகே என்று பதில் வரும், அதையும் நம்பிவிடாதீர்கள். கணக்குப் போடுகிற சில்லுகள் நன்றாக இருந்துகொண்டு, ரெலிபோன் பக்கம் செத்துப்போன மொடங்களைக் கிழமைக்கு ஒன்று பார்க்கிறேன்.

ரெலிபோன் வயரைச் செருகி, அதே நிரலில் ஏடிடிடி (ATDT) என்று தட்டி, பக்கத்து வீட்டு எண்ணைப் போட்டு அழையுங்கள். மொடத்தின் ஸ்பீக்கரில் டயல் ரோன், அதாவது ரெலிபோனை எடுத்ததும் வருகிற அந்தக் கூவென்ற சத்தம், கேட்க வேண்டும், அடுத்த வீட்டில் மணி அடிக்க வேண்டும். டயல் ரோன் காதில் கேட்டும், டயல் ரோன் இல்லை என்று திரையில் வந்தால் பயப்பட வேண்டாம். வேறு நாட்டு டயல் ரோனுக்குப் பழகிய மொடம் அது. ஏடிஎக்ஸ்3 (ATX3) என்று கொடுத்தால் ரோனுக்குக் காத்திராமல் டயல் பண்ணும். ஒன்றுமே கேட்கவில்லையா? முதலில் வயரை லைன் என்ற துளையில்தான் செருகினீர்களா என்று பாருங்கள். பழைய மொடங்களில் எழுத்து அழிந்திருக்கும், போன் என்ற துளையில் செருகிவிட்டு என்னிடம் தூக்கிக்கொண்டு வருபவர்கள் உண்டு. லைனில் செருகியும் சத்தம் இல்லையென்றால் வாங்காதீர்கள். இந்தச் சோதனையை விற்பவரின் கொம்பியூட்டரிலேயே செய்யச் சொல்லுங்கள். மறுத்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

அடுத்தது அடப்டர், மொடத்துக்குக் கரன்ட் கொடுக்கிற பெட்டி. கனடாவிலிருந்து வந்த மொடத்தின் அடப்டர் 120 வோல்ற்றுக்கு. இங்கே 230. மாற்று முளை ஒன்றைப் போட்டுச் செருகினால் புகைதான் வரும். சரி, இங்கே ஒரு அடப்டர் வாங்கலாம் என்றால், முனை பொருந்துகிறது என்பதற்காக எதையும் வாங்காதீர்கள். யூ.எஸ். றொபோட்டிக்ஸ் மொடங்கள் பலவற்றுக்கு 9 வோல்ற் ஏசி (ஆடலோட்டம்) வேண்டும். வேறு பல மொடங்களுக்கு டிசி (நேரோட்டம்). மொடத்தின் அடியில் பாருங்கள்: நெளிகோடு இருந்தால் ஏசி, நேர்கோட்டின் கீழ் புள்ளிக்கோடு இருந்தால் டிசி. டிசி கேட்கிற மொடத்துக்கு ஏசி கொடுத்துக் கப்பாசிட்டர் வெடித்த மொடமும் என்னிடம் வந்திருக்கிறது.

கேபிளிலும் கவனம். இரண்டு கொம்பியூட்டர்களை நேரே இணைக்கிற சீரியல் கேபிளும் மொடம் கேபிளும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும், உள்ளே வயர்கள் குறுக்கே மாறியிருக்கும். மொடம் கேபிள் என்று சொல்லிக் கேட்டு வாங்குங்கள். மொடத்தோடு வருகிற டிரைவர் சீடி இல்லையென்றால் கவலை வேண்டாம், விண்டோஸிலேயே ஸ்ராண்டர்ட் 56000 என்று ஒரு டிரைவர் இருக்கிறது, அது போதும்.

56கே என்று எழுதியிருப்பது விநாடிக்கு 56,000 பிற். பைற் கணக்கில் ஏழாயிரம். எங்கள் கம்பிகளில் அதுவும் முழுதாக வராது. வி.90 என்று எழுதியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அது 56கே மொடங்களுக்கு 1998இல் வந்த பொது நியமம். அதற்கு முந்திய, கம்பனிகள் தனித்தனியே கொண்டுவந்த எக்ஸ்2, கே56ஃபிளெக்ஸ் என்பவை மட்டும் எழுதியிருந்தால் 33.6கேக்கு மேல் ஏறாமல் போகலாம்.

கடைசியாக ஒரு விண்ணப்பம், இதை வாங்குபவர்களிடம் கேட்கவில்லை, விற்பவர்களிடம் கேட்கிறேன். மின்னலடி பட்ட மொடத்தை, லைற் எரிகிறதே என்று யாருக்கும் விற்காதீர்கள். அதற்குள்ளே தடுப்புக்கு இருந்த பாகம் எரிந்திருக்கும், அடுத்த மின்னல் நேரே கொம்பியூட்டருக்குப் போகும். அந்த அம்மா 1,500 ரூபா கொடுத்து வாங்கிய மொடத்தை நேற்றுத் திறந்தபோது, புதுக் கரிக்குப் பக்கத்தில் பழைய கரியும் இருந்தது.