எம்.எல்.ஏ. என்ற மூன்றெழுத்து எங்கிருந்து வந்தது?

தெருவில் தண்ணீர் வரவில்லை என்றால் எம்.எல்.ஏ.விடம் மனுக் கொடுக்கிறோம். பள்ளிக்கூடக் கட்டடத் திறப்பு விழாவுக்கு அவரைத்தான் அழைக்கிறோம். படிக்காதவர் வாயிலும் தடங்கலின்றி வரும் சொல் இது. ஆனால் நம்மை ஆண்ட லண்டன் பாராளுமன்றத்தில் எம்.எல்.ஏ. என்று எவரும் இருந்ததில்லை. அங்கே கீழவையில் இருப்பவர் எம்.பி.தான். இந்த மூன்றெழுத்து பரவலாக வழங்கியது, 19-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் கடல்கடந்து போய்க் குடியேறிய நாடுகளில். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ், விக்டோரியா, குவீன்ஸ்லாந்து, தென்னாப்பிரிக்காவின் நேட்டால் ஆகிய இடங்களில் கீழவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் இதைப் பெயருக்குப் பின்னால் பட்டம்போலப் போட்டுக்கொண்டார்கள்.

விரித்தால் 'மெம்பர் ஆஃப் லெஜிஸ்லேட்டிவ் அசெம்பிளி'. மூன்று சொற்களுக்கும் வேர் லத்தீன். 'மெம்பர்' என்றால் உடலின் ஓர் உறுப்பு. நம் 'உறுப்பினர்', அதற்கு முன் வழங்கிய 'அங்கத்தினர்' இரண்டுக்குள்ளும் அதே பொருள் இருக்கிறது. 'லெஜிஸ்லேட்டிவ்' சட்டம் என்ற பொருளுள்ள 'லெக்ஸ்' என்பதிலிருந்து வந்தது. 'அசெம்பிளி' பிரெஞ்சு வழியாக வந்த சொல். ஒருசேரக் கூடுவது என்பது அதன் அடிப்பொருள். ஆக, சட்டம் இயற்றக் கூடும் அவையின் உறுப்பினர்.

எம்.பி. என்றே வைத்துக்கொள்ளாமல் ஏன் இந்தப் புதுப்பெயர்? குடியேற்றநாட்டு அவைகள் லண்டன் பாராளுமன்றத்தின் சட்டத்தாலோ அரசியின் அனுமதியாலோ உண்டானவை. அவை நிறைவேற்றும் மசோதாவுக்கு ஆளுநர் ஒப்புதல் தர வேண்டும். ஆளுநர் தந்த பிறகும் லண்டன் அதைத் தள்ளுபடி செய்யலாம். லண்டன் சட்டத்துக்கு முரணான குடியேற்றநாட்டுச் சட்டம் அந்த அளவுக்குச் செல்லாது என்று 1865-இல் தனிச்சட்டமே வந்தது. லண்டன் கீழவையின் 'காமன்ஸ் சபை' என்ற பெயர் அந்தப் பெரிய வீட்டுக்கு உரியதாக இருந்தது. 1867-இல் கூட்டாட்சியான கனடா அந்தப் பெயரை வாங்கிக்கொண்டது ஒரு விதிவிலக்கு. மற்ற இடங்களில் 'அசெம்பிளி' என்ற அடக்கமான பெயரே நிலைத்தது. அதிலும் ஒரே மாதிரி இல்லை. நியூ சவுத் வேல்ஸின் சிட்னியிலும் விக்டோரியாவின் மெல்போர்னிலும் 1856-இல் கூடிய கீழவைகள் லெஜிஸ்லேட்டிவ் அசெம்பிளி; அங்கே எம்.எல்.ஏ. டாஸ்மேனியாவில் ஹவுஸ் ஆஃப் அசெம்பிளி, அங்கே எம்.எச்.ஏ. நியூசிலாந்தில் ஹவுஸ் ஆஃப் ரெப்ரசென்டேட்டிவ்ஸ், அதாவது பிரதிநிதிகள் அவை, அங்கே எம்.எச்.ஆர்., 1907-இல் அதுவும் எம்.பி. ஆயிற்று. மேலவைக்காரர் எங்கும் எம்.எல்.சி., அதாவது 'மெம்பர் ஆஃப் லெஜிஸ்லேட்டிவ் கவுன்சில்'.

பெயர் அடக்கமாக இருந்தாலும் கையில் இருந்த அதிகாரம் சிறியதல்ல. 1850-களில், நேட்டால் நீங்கலாக, இந்த நாடுகளுக்குப் பொறுப்பாட்சி கிடைத்தது. கீழவையில் பெரும்பான்மை உள்ளவரே முதல்வர். பெரும்பான்மை போனால் பதவி போகும். அதே காலத்து இலங்கைச் சட்டசபையோடு ஒப்பிட்டால் வேறுபாடு தெரியும். 1879-இல் அதில் தமிழருக்கான இடத்தில் அமர்ந்த பொன்னம்பலம் இராமநாதன் மக்கள் வாக்கில் வந்தவரல்லர், ஆளுநர் நியமித்தவர். பதவிப்பெயர் உத்தியோகப்பற்றற்ற அங்கத்தவர், அதாவது அரசு அதிகாரி அல்லாத உறுப்பினர். எவ்வளவு திறமையாக வாதாடினாலும் அவரால் ஓர் அமைச்சரவையைக் கவிழ்க்க முடியாது. கவிழ்க்க அங்கே அமைச்சரவையே இல்லை. இரண்டையும் ஒரே சொல்லால் 'காலனியப் பாராளுமன்றம்' என்று எழுதுவது வரலாற்றுக்குச் செய்யும் பிழை.

அந்த எம்.எல்.ஏ.க்கள் எப்படிப்பட்டவர்கள்? நியூ சவுத் வேல்ஸின் ஹென்றி பார்க்ஸை எடுத்துக்கொள்வோம். பர்மிங்ஹாமில் தந்தம் கடையும் தொழில் செய்தவர், 1839-இல் சிட்னிக்குக் கப்பலேறினார், பத்திரிகை நடத்தினார், ஐந்து முறை முதல்வரானார். இதற்கிடையில் கடன் தீர்க்க முடியாமல் திவாலும் ஆனார், ஒருமுறை அல்ல. 1870-இல் அப்படி நொடித்தபோது அவையில் தம் இடத்தை விட்டு விலகினார். அப்போது நியூ சவுத் வேல்ஸில் உறுப்பினருக்குச் சம்பளம் கிடையாது. வாக்குரிமை பரவலாக இருந்தும், சொத்தோ வருமானம் தரும் தொழிலோ இல்லாதவர் ஜெயித்தால் சாப்பாட்டுக்கு வழியில்லை. விக்டோரியா 1870-இலேயே ஆண்டுக்கு 300 பவுன் கொடுக்கத் தொடங்கிவிட்டது. நியூ சவுத் வேல்ஸ் அதே தொகையை 1889-இல்தான் கொடுத்தது. இரண்டே ஆண்டில் விளைவு தெரிந்தது. 1891 தேர்தலில் தொழிலாளர் கட்சியின் 35 பேர் அவைக்குள் நுழைந்தார்கள். ஹார்ட்லி தொகுதியில் வென்ற ஜோசப் குக் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. 1913-இல் ஆஸ்திரேலியாவின் பிரதமரே ஆனார். எம்.எல்.ஏ.வுக்குச் சம்பளம் எதற்கு என்று இன்றும் கேட்பவர்கள் அந்த இரண்டு ஆண்டுகளின் கணக்கைப் பார்க்க வேண்டும்.

மேலவை வேறு உலகம். நியூ சவுத் வேல்ஸில் ஆயுள்கால நியமனம். விக்டோரியாவில் தேர்தல் உண்டு, ஆனால் தொடக்கத்தில் வேட்பாளருக்கு 5,000 பவுன் மதிப்புள்ள நிலம் வேண்டும்.

இந்தச் சொல்லின் வரலாற்றில் தமிழருக்கு நேரடித் தொடர்புள்ள இடம் நேட்டால். 1860 நவம்பரில் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பல் டர்பன் துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அதன்பின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களில் பெரும்பகுதி சென்னை மாகாணத்தார், தமிழரும் தெலுங்கரும். 1893-இல் நேட்டாலுக்குப் பொறுப்பாட்சியும் லெஜிஸ்லேட்டிவ் அசெம்பிளியும் கிடைத்தன. மண்ணின் மக்களான ஆப்பிரிக்கரை நேட்டாலின் 1865-ஆம் ஆண்டுச் சட்டமே வாக்குரிமையிலிருந்து ஏறக்குறைய முற்றாக விலக்கியிருந்தது. பொறுப்பாட்சி கிடைத்த மறு ஆண்டே, 1894-இல், முதல்வர் ஜான் ராபின்சனின் அரசு ஆசியருக்கு வாக்குரிமை கூடாது என்று மசோதா கொண்டுவந்தது. ஊர் திரும்ப இருந்த காந்தி தங்கி, அந்த அவைக்கு விண்ணப்பம் எழுதினார். இந்தியருக்குப் பிரதிநிதித்துவம் புதிதல்ல, கிராமப் பஞ்சாயத்து உண்டு, மைசூரில் பிரதிநிதிகள் சபையே நடக்கிறது என்று அதில் வாதம். அவை கேட்கவில்லை, மசோதா நிறைவேறியது. லண்டனில் குடியேற்றநாடுகளின் அமைச்சராக இருந்த ரிப்பன் பிரபுவுக்குப் பத்தாயிரம் பேர் அளவில் கையெழுத்திட்ட மனு போயிற்று. ரிப்பன் இந்தியாவின் வைஸ்ராயாக இருந்தவர். இனத்தின் பேரைச் சொல்லி விலக்கும் சட்டத்துக்கு லண்டன் ஒப்புதல் தரவில்லை.

நேட்டால் எம்.எல்.ஏ.க்கள் பேரைச் சொல்லாமல் அதே வேலையை 1896-இல் முடித்தார்கள். பாராளுமன்ற வாக்குரிமையை அடிப்படையாகக் கொண்ட தேர்தல் அமைப்புகள் இதுவரை இல்லாத நாடுகளைச் சேர்ந்தவர்களும் அவர்தம் ஆண்வழி வாரிசுகளும் வாக்காளர் ஆக முடியாது என்றது சட்டம். உன் ஊரில் எம்.எல்.ஏ. இல்லை, ஆகவே இங்கே எம்.எல்.ஏ.வைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உனக்கு இல்லை என்பதுதான் அதன் பச்சைப் பொருள். உன் ஊரில் அது இல்லாமற்போனதற்குக் காரணமான பேரரசும் இதே பேரரசுதான். இத்தனைக்கும் 1895-இல் நேட்டால் வாக்காளர் பட்டியலில் இருந்த ஐரோப்பியர் 9,309 பேர், இந்தியர் 251 பேர்.

நம் பக்கம் இந்த மூன்றெழுத்து வந்தது 1921-இல். ஆனால் அப்போது எம்.எல்.ஏ. என்றால் டெல்லி மத்திய சட்டசபையின் உறுப்பினர். சென்னை மாகாணத்தில் அன்று ஓரவைதான், கவுன்சில். அதில் இருந்தவர் எம்.எல்.சி. பழைய பத்திரிகைகளில் சத்தியமூர்த்தியை எம்.எல்.ஏ. என்று பார்க்கும் இன்றைய வாசகர் அவரைச் சென்னைச் சட்டமன்றத்தில் தேடுவார். அவர் 1930-களின் நடுவிலிருந்து டெல்லி அவையில் இருந்தார். 1937-இல்தான் 215 இடங்களோடு சென்னையில் கீழவை வந்து, இன்றைய பொருளில் எம்.எல்.ஏ.க்கள் உண்டானார்கள். அதன்பின் சில ஆண்டுகள் டெல்லிக்காரரைப் பிரித்துக் காட்ட 'எம்.எல்.ஏ., மத்தியம்' என்று எழுத வேண்டியிருந்தது.

சரியான தமிழ் எது? பழைய வழக்கு 'சட்டசபை அங்கத்தினர்'. இரண்டும் வடமொழிப் பாதியுள்ளவை. தனித்தமிழ் உணர்வு வளர்ந்தபோது சபை மன்றமும் பேரவையும் ஆயிற்று, அங்கத்தினர் உறுப்பினர் ஆனார். இலங்கையில் 'அங்கத்தவர்' இன்னும் உயிரோடு இருக்கிறது. அதைத் திருத்த வேண்டிய தேவை எனக்குத் தெரியவில்லை. தமிழ்நாட்டில் நாம் சொல்லும் 'சட்டமன்ற உறுப்பினர்' இன்றைக்குப் போதும், ஏனென்றால் 1986-இல் மேலவை ஒழிந்த பிறகு இருப்பது ஓரவை. ஆனால் மன்றம் என்பது முழு அமைப்பு. அதன் கீழவைக்கு உரிய பெயர் 'சட்டமன்றப் பேரவை', சுருக்கமாகச் சட்டப்பேரவை. இரண்டு அவைகள் இருந்த 19-ஆம் நூற்றாண்டுச் சிட்னி, மெல்போர்னைப் பற்றி எழுதும்போது 'சட்டமன்ற உறுப்பினர்' என்றால் பார்க்ஸும் அந்த ஆயுள்கால நியமனக்காரரும் ஒன்றாகிவிடுவார்கள். அங்கே எம்.எல்.ஏ.வுக்குச் 'சட்டப்பேரவை உறுப்பினர்', எம்.எல்.சி.க்குச் 'சட்டமேலவை உறுப்பினர்', நியூசிலாந்தின் எம்.எச்.ஆருக்குப் 'பிரதிநிதிகள் அவை உறுப்பினர்' என்பதே பொருந்தும்.

'நாடாளுமன்ற உறுப்பினர்' என்ற சொல்லை இந்தக் குடியேற்றநாட்டாருக்கு நான் பயன்படுத்தமாட்டேன். நாட்டை ஆளும் மன்றம் என்ற பொருள் அதில் வெளிப்படையாக இருக்கிறது. அந்த அவைகளுக்கு மேலே லண்டன் இருந்தது. 'பாராளுமன்றம்' ஆங்கில ஒலியைத் தழுவிய ஆக்கம். விக்டோரியா போன்றவை தங்களைப் பார்லிமெண்ட் என்றே அழைத்துக்கொண்டதால், அரசியின் பேரில் ஆளுநரும் இரு அவைகளும் சேர்ந்த முழு அமைப்பைக் குறிக்க அதை வைத்துக்கொள்ளலாம்.