ஓபியாய்டு வழக்குப் பணம்: நார்த் கரோலினா கவுண்டியில் கிராண்ட் கேட்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஓபியாய்டு என்னும் அபின் வகை வலிமருந்துகளைப் பரப்பியதற்காக மருந்து நிறுவனங்கள் மீது போட்ட வழக்குகளில் வந்த பணத்தைப் பற்றி முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். பிள்ளையை ஓவர்டோஸில் பறிகொடுத்த குடும்பங்களுக்குத் தனித்தனியாகக் கொடுக்கிற பணம் இல்லை இது. செய்தியைக் கேட்டுவிட்டு, இறப்புச் சான்றிதழையும் ஆஸ்பத்திரி பில்லையும் பையில் போட்டுக்கொண்டு கவுண்டி அலுவலகத்துக்குப் போய், கவுன்ட்டரிலேயே திருப்பி அனுப்பப்பட்ட பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். ஓபியாய்டு மாத்திரை தயாரித்த பர்டூ பார்மா நிறுவனத்தின் திவால் வழக்கில் தனிநபர்கள் மனுப்போட வழி இருந்தது. அதற்கான கெடு 2020 ஜூலை 30-ஆம் தேதியே முடிந்துவிட்டது. "உங்களுக்கும் பங்கு வாங்கித் தருகிறேன், ஃபீஸ் மட்டும் கட்டுங்கள்" என்று யாராவது வந்தால் ஒரு டாலர்கூடக் கொடுக்காதீர்கள்.

மருந்தை மொத்தமாக விநியோகித்த மூன்று பெரிய நிறுவனங்களும் ஜான்சன் அண்ட் ஜான்சனும் சேர்ந்து 2,600 கோடி டாலர் வரை தருவதாக 2021-இல் ஒப்பந்தம் அறிவிக்கப்பட்டது. மருந்துக்கடை நடத்தும் சிவிஎஸ், வால்கிரீன்ஸ், வால்மார்ட் எல்லாம் பின்னால் தனித்தனி ஒப்பந்தங்கள் போட்டன. நார்த் கரோலினாவின் பங்கில் 85 சதவீதம் கவுண்டிகளுக்கும் சில நகராட்சிகளுக்கும் போகிறது, மாநிலத்துக்கு 15 சதவீதம்தான். ஆகவே தலைநகர் ராலேக்கு மனு எழுதிக்கொண்டிருக்காதீர்கள். பணத்தின் பெரும்பகுதி உங்கள் கவுண்டியை நிர்வகிக்கும் கமிஷனர் போர்டு கையில் இருக்கிறது.

சிறிய அமைப்புகள் அதிகம் அடிபடுவது செலவுப் பட்டியலில். பணத்தை எதற்குச் செலவழிக்கலாம் என்று கவுண்டிகளுக்கு 'ஏ', 'பி' என இரண்டு பட்டியல்கள் உள்ளன. 'ஏ' பட்டியலில் 12 வகைச் செலவுகள் மட்டுமே உண்டு: சிகிச்சை, மீட்புத் துணை, தங்குமிடம், வேலைவாய்ப்பு, ஓவர்டோஸை முறிக்கும் நாலோக்சோன் மருந்து விநியோகம், ஊசி மாற்றுச் சேவை, சிறைக்குள் சிகிச்சை, இப்படி. 'பி' பட்டியல் விரிவானதுதான், ஆனால் அதைத் தொடக் கவுண்டி முன்கூட்டியே பலரையும் கூட்டித் திட்டமிட்டு முடித்திருக்க வேண்டும். உங்கள் கவுண்டி அதைச் செய்ததா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். குடிப்பழக்கத்துக்கு மட்டும் நடத்தும் திட்டம் எவ்வளவு நல்லதானாலும் இதில் தேறாது. ஓபியாய்டு பழக்கமும் சேர்ந்திருக்க வேண்டும். போதை மீட்பு இல்லம் நடத்துபவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். ஓபியாய்டு பழக்கத்துக்குச் சிகிச்சையாக மெத்தடோன், புப்ரெனார்ஃபின் மருந்துகளைச் சாப்பிடுகிறவர்களை "இதுவும் போதைதானே" என்று சேர்க்க மறுக்கும் இல்லத்தை நடத்த 'ஏ' பட்டியலில் பணம் கிடையாது. அந்த விதி சரியானது என்றே நினைக்கிறேன், அந்த மருந்துகள் உயிரைக் காக்கின்றன. ஆனால் விண்ணப்பத்தின் முதல் பக்கத்தில் இருக்க வேண்டிய இந்த விஷயத்தை, மாதக்கணக்கில் காகிதம் கேட்டு அலையவிட்டு, கடைசியில் நிராகரிப்புக் கடிதத்தில் சொல்வது என்ன நியாயம்?

அடுத்தது தீர்மானம். எந்தச் செலவு வகை, எவ்வளவு தொகை, எந்தக் காலத்துக்கு என்று மூன்றையும் குறிப்பிட்டுப் போர்டு தீர்மானம் போடாமல் பணத்தைச் செலவழிக்க முடியாது. அதிகாரி போனில் "நீங்கள் ஆரம்பியுங்கள், பார்த்துக்கொள்ளலாம்" என்பார். ஆரம்பிக்காதீர்கள். அந்த வாய்வார்த்தையை நம்பி ஆள் வைத்தவர்கள், தீர்மானத்துக்கு முந்தைய மாதங்களின் சம்பளத்தைக் கைக்காசிலிருந்து கொடுக்க வேண்டியதாயிற்று. தீர்மானத்தின் நகலும் இரு தரப்பும் கையெழுத்திட்ட ஒப்பந்தமும் கையில் வந்த பிறகே செலவைத் தொடங்குங்கள்.

ஒப்பந்தத்தில் "ரீயிம்பர்ஸ்மென்ட்" என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால், நீங்கள் முதலில் செலவழித்து, பிறகு பில் போட்டு வாங்க வேண்டும் என்று அர்த்தம். நான் உதவிக்குப் போன ஓர் இல்லத்தில், நடத்துகிற அம்மா வாடகையையும் கரண்ட் பில்லையும் தன் சொந்த கிரெடிட் கார்டில் கட்டிக்கொண்டிருந்தார். கடை ரசீதில் மொத்தத் தொகை மட்டும் இருக்கிறது, பொருள்வாரியாக இல்லை என்று கவுண்டி மொத்த பில்லையும் திருப்பி அனுப்பியது. அதைச் சரிசெய்து அனுப்பினால், கையெழுத்துப் போட வேண்டியவர் லீவில். கார்டுக்கு ஏறிய வட்டியை எந்தக் கவுண்டியும் தராது. எனவே ஒப்பந்தம் பேசும்போதே ஒரு பகுதியை முன்பணமாகக் கேளுங்கள். தர மறுத்தால், மாதாமாதம் பில் போடவும் இத்தனை நாளுக்குள் பணம் வரவும் ஒரு வரி எழுதி வாங்குங்கள்.

501(சி)(3) என்னும் வரிவிலக்குச் சான்று, வரி எண்ணைத் தெரிவிக்கும் டபிள்யூ-9 படிவம், இன்ஷூரன்ஸ் சான்று மூன்றையும் விண்ணப்ப அறிவிப்பு வருமுன்பே தயாராக வைத்திருங்கள். அறிவிப்புக்கும் கெடுவுக்கும் இடையில் அவற்றைத் தேட நேரம் இருக்காது. வரிவிலக்குச் சான்று இன்னும் வராதவர்கள், சான்றுள்ள ஓர் அமைப்பின் கீழ் விண்ணப்பிக்கலாமா என்று எழுத்தில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

காலம் முக்கியம். நிதியாண்டு ஜூலை 1-இல் தொடங்குகிறது. மே, ஜூனில் நடக்கும் பட்ஜெட் விசாரணைக் கூட்டத்தில் போய் மூன்று நிமிடம் பேசுவதால் அந்த ஆண்டுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது, எண்கள் அதற்குள் முடிவாகியிருக்கும். ஜனவரி, பிப்ரவரியிலேயே உங்கள் பகுதிக் கமிஷனரைப் பாருங்கள். இந்தப் பணத்தைப் பற்றிப் பேசவென்றே ஒவ்வொரு கவுண்டியும் வருஷத்துக்கு ஒரு பொதுக்கூட்டமாவது நடத்த வேண்டும். தேதியை எங்கோ ஒரு மூலையில் போட்டிருப்பார்கள், போர்டின் கிளர்க்கிடம் கேட்டால் சொல்லியாக வேண்டும்.

"பணம் தீர்ந்துவிட்டது" என்று சொன்னால் அப்படியே திரும்பிவிடாதீர்கள். இந்தப் பணத்தைக் கவுண்டி தனிக் கணக்கில்தான் வைத்திருக்க வேண்டும். மாநிலத்தின் பொது ஆவணச் சட்டப்படி அந்தக் கணக்கின் இருப்பையும் இதுவரை போட்ட தீர்மானங்களையும் யாரும் கேட்கலாம். எதற்குக் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. மின்னஞ்சலில் கேளுங்கள், அனுப்பிய தேதி பதிவாகியிருக்கும்.