“இந்த மாசம் மட்டும்தான் சார்” என்பதை இனிமேல் யாரும் என்னிடம் சொல்லாதீர்கள்

குடும்பங்களின் வரவு செலவைப் பிரித்துப் பார்த்து, கடனை அடைக்கவும் காசு சேர்க்கவும் வழி சொல்வது என் தொழில். வருகிறவர்களிடம் முதலில் ஒன்றைத்தான் கேட்பேன்: மாதம் எவ்வளவு மிச்சம் பிடிக்கிறீர்கள்? பதில் தயங்காமல் வரும். சம்பளத்தில் 10 சதவீதம், 15, சிலர் 20 என்பார்கள். அப்புறம் 12 மாத வங்கிக் கணக்கையும் கார்டு பில்லையும் அருகருகே வைத்துப் பார்த்தால், சொன்னதில் பாதிகூட எங்கேயும் இருக்காது. எங்கே போனது என்று கேட்டால் அதற்கும் பதில் தயார். “அந்த மாசம் வண்டி ரிப்பேர் சார். அதுக்கு முந்தின மாசம் ஸ்கூல் ஃபீஸ். இது இந்த மாசம் மட்டும்தான்.”

போன வாரம் வந்த தம்பதி இந்த “மட்டும்தான்” கதையை வருடத்தின் ஏழெட்டு மாதங்களுக்குத் தனித்தனியாகச் சொன்னார்கள். ஒவ்வொன்றும் உண்மை, எதிலும் ஊதாரித்தனம் இல்லை. இருவரும் வேலைக்குப் போகிறார்கள், பொறுப்பானவர்கள். எரிச்சல் அவர்கள் மேல் இல்லை. இந்தக் கணக்கை இப்படிப் போட அவர்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்களோ, அவர்கள் மேல்தான்.

அவர்களின் கணக்கையே பார்க்கலாம். நிஜத் தொகை நமக்கு வேண்டாம், மாத வருமானம் 100 என்று வைத்துக்கொள்வோம். சம்பளம் வந்த மறுநாள் 15 தானாகவே தொடர் வைப்புக்குப் போய்விடும். நல்ல பழக்கம், குறை சொல்ல மாட்டேன். மீதி 85 மாதம் முடிவதற்குள் தீர்ந்துவிடும், அதற்குப் பிறகு கார்டு. பில் வரும்போது முழுதாகக் கட்ட முடியாமல் மாதத்துக்கு 9 என்ற கணக்கில் பாக்கி சேர்ந்துகொண்டே போனது. நடுவில் ஒரு முறை வைப்பிலிருந்து 50 எடுத்திருக்கிறார்கள். வருடத் தொடக்கத்தில் கார்டில் பாக்கி ஏதும் இல்லை.

வருட முடிவில் வைப்பில் போட்டது 180, எடுத்தது 50, இருப்பு 130. கார்டில் நிற்கும் பாக்கி, வட்டியோடு சேர்த்து 108. கழித்தால் 22. வருட வருமானம் 1200. ஆக, 15 சதவீதம் சேமிக்கிறோம் என்று நம்பிய குடும்பம் உண்மையில் சேமித்தது 2 சதவீதத்துக்கும் குறைவு. வைப்புக்கு வந்த வட்டியைச் சேர்த்தாலும் பெரிதாக ஏறாது. அந்த அம்மா என் கால்குலேட்டரை வாங்கி, தானே முதலிலிருந்து ஒரு முறை போட்டுப் பார்த்தார். பிறகு கார்டு பில்களை மட்டும் எடுத்து வட்டி வரிகளைத் தனியாகக் கூட்டினார். 18 வந்தது. வருடம் முழுக்கப் பாடுபட்டு மிஞ்சியது 22, வட்டிக்குப் போனது 18.

சரி, எங்கே தவறியது? எனக்கு மிகவும் எரிச்சல் மூட்டும் விஷயம் இதுதான், கொஞ்சம் நீட்டித்தான் சொல்லப் போகிறேன்.

எல்லோரும் “எதிர்பாராத செலவு” என்கிறார்கள். எதிர்பாராதது எது? காப்பீட்டு பிரீமியம் கட்ட வேண்டிய தேதி பாலிசியிலேயே அச்சடித்திருக்கிறது. பள்ளி வருடா வருடம் திறக்கிறது. டயர் தேயும், பேட்டரி போகும், கண்ணாடியின் பவர் மாறும், பல்வலி வரும், ஃப்ரிட்ஜ் மக்கர் செய்யும், போன் கீழே விழும். உறவில் கல்யாணம் வரும். எந்த வீட்டில் என்பது தெரியாமல் இருக்கலாம், வரும் என்பது தெரியும்தானே? ஊருக்குப் போக டிக்கெட், பிள்ளைகளுக்குத் துணிமணி, சொத்து வரி, குழாய் ரிப்பேர் என்று உட்கார்ந்து எழுதினால் சராசரிக் குடும்பத்துக்குச் சுலபமாக 20 வந்துவிடும்.

இந்த 20 செலவும் வருடத்துக்கு ஒரே ஒரு முறை, ஏதோ ஒரு மாதத்தில், ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். இவற்றில் எதுவுமே தலைகாட்டாமல் ஒரு மாதம் கழிய எவ்வளவு வாய்ப்பு? சுமார் 18 சதவீதம். அதாவது வருடத்தில் இரண்டு மாதம். நீங்கள் “சாதாரண மாதம்” என்று நினைப்பது வருடத்துக்கு இரண்டு முறைதான் வருகிறது. ஆனால் பட்ஜெட் போடுவது அந்த இரண்டு மாதத்துக்கு! மீதி 10 மாதமும் விதிவிலக்கு என்று சொல்லிக்கொண்டே வருடம் ஓடிவிடுகிறது.

இதை விளக்கினால் உடனே ஒரு வாதம் வரும்: “ஃப்ரிட்ஜ் எப்ப ரிப்பேர் ஆகும்னு யாருக்கு சார் தெரியும்?” தெரிய வேண்டியதே இல்லை. எந்த வண்டி எந்தத் தேதியில் மோதும் என்று காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரியாது, ஆனாலும் பிரீமியம் நிர்ணயிக்கிறார்கள். மொத்தம் சுமாராகத் தெரிந்தால் போதும். உங்கள் வீட்டு மொத்தத்தைச் சொல்ல, போன வருடத்தைவிட நல்ல சாட்சி கிடையாது. போன 12 மாதங்களில் மாதா மாதம் வராத செலவு எல்லாவற்றையும் கூட்டுங்கள், 12-ஆல் வகுங்கள். வருகிற தொகை இந்த மாதச் செலவு. வாடகை போல, மின்கட்டணம் போல. இந்த மாதம் ஒன்றும் ரிப்பேர் ஆகவில்லையா? அப்போதும் அது செலவுதான், எடுத்து வேறு கணக்கில் போட்டுவிடுங்கள்.

அந்தத் தம்பதிக்குக் கூட்டிப் பார்த்ததில் இப்படிப்பட்டவை வருடத்துக்கு 140 வந்தன. மாதத்துக்குக் கிட்டத்தட்ட 12. அவர்கள் சேமிப்பு என்று போட்ட 15-இல் 12 ஏற்கெனவே செலவாகப் போகிற பணம். கார்டுக்குப் போகாமல் சமாளித்திருந்தால் உண்மையான சேமிப்பு மூன்றும் சொச்சமுமாக இருந்திருக்கும். இதைச் சொன்னதும் கணவர் முகம் வாடிவிட்டது. எனக்கு இது நல்ல செய்தி. 3 என்று தெரிந்தவர் அதை 5 ஆக்க ஏதாவது செய்வார். 15 என்று நினைத்துக்கொண்டிருப்பவருக்கு எதையும் மாற்றத் தோன்றாது.

கூட்டுவட்டி எப்படி வேலை செய்கிறது என்று இங்கே பாடம் நடத்தப் போவதில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன்: கார்டு பாக்கிக்கு மாதம் 3 சதவீதம் என்றால் வருடத்துக்கு 36 அல்ல, 42-ஐத் தாண்டும். வைப்பில் 6 சதவீதம் வாங்கிக்கொண்டு கார்டில் 42 கொடுப்பது, இடது பையிலிருந்து வலது பைக்கு மாற்றும்போது பாதி வழியில் கொட்டிவிடுவது போலத்தான். முதலில் கார்டுக் கடனை அடைத்துவிடுங்கள். “கையில் ஏதாவது இல்லாவிட்டால் பயமாக இருக்கிறது” என்பார்கள். நியாயமான பயம், கேலி செய்ய மாட்டேன். ஒரு மாதச் செலவுக்கான தொகையைத் தொடாமல் வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கார்டில் கட்டுங்கள். கடன் அடைப்பதைச் சேமிப்பாகவே பலர் நினைப்பதில்லை, அதனால் உற்சாகமும் வருவதில்லை. நாட்டின் கணக்கைப் போடுகிற பொருளியலாளர்கள் அதைச் சேமிப்பாகத்தான் பார்க்கிறார்கள். குடும்பங்களின் சேமிப்பைக் கணக்கிடும்போது கடனின் அசலை அடைக்கப் போன பணத்தைச் செலவில் சேர்க்க மாட்டார்கள், அது சேமிப்புப் பக்கம்தான் நிற்கும். வட்டி மட்டும் போனது போனதுதான்.

இனி அந்த 20 சதவீத விதி. 50 அவசியத்துக்கு, 30 ஆசைக்கு, 20 சேமிப்புக்கு. ஒரு நிமிட வீடியோக்களில் இதைப் பார்த்துவிட்டு, எங்களால் முடியவில்லையே என்று குற்ற உணர்ச்சியோடு வருகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். இதைப் பரப்பியவர்கள் எலிசபெத் வாரனும் அவர் மகளும், 2005-இல், அமெரிக்கக் குடும்பங்களுக்காக. வாரன் திவால் சட்டப் பேராசிரியராக இருந்தவர், பிறகுதான் செனட்டர் ஆனார். வரி போகக் கையில் வரும் பணத்துக்குத்தான் அந்தக் கணக்கு. அந்த 20-க்குள் கடன் அடைப்பதும் அடக்கம். வீடியோ போடுகிறவர்கள் இரண்டையும் சொல்வதில்லை.

அதைவிடப் பழைய உண்மை ஒன்று உண்டு. ஜெர்மானியப் புள்ளியியலாளர் எர்ன்ஸ்ட் எங்கல் பெல்ஜியத் தொழிலாளர் குடும்பங்களின் செலவுக் கணக்குகளை ஆராய்ந்து 1857-இல் சொன்னது: வருமானம் குறையக் குறைய, அதில் சாப்பாட்டுக்குப் போகும் பங்கு கூடும். இன்றும் அது மாறவில்லை. சாப்பாட்டுக்கும் வாடகைக்குமே 80 போகிற வீட்டில் 20 சேமி என்பது ஆலோசனையே இல்லை. அப்படிப்பட்டவர்கள் 2 சேமித்தாலும் நான் எழுந்து நின்று கை கொடுப்பேன். அவர்களைத் திட்டுகிற உறவினர்கள் தயவுசெய்து வாயை மூடிக்கொள்ளுங்கள்.

வருமானம் ஓரளவு இருந்தும் மிஞ்சாதவர்களுக்கு இன்னொரு விஷயம். சிறுதுளி பெருவெள்ளம் என்பது சரிதான், ஆனால் அது வருகிற பக்கத்துக்கும் பொருந்தும், போகிற பக்கத்துக்கும் பொருந்தும் என்று நினைத்துக்கொண்டு வீட்டில் எல்லோருடைய சில்லறைச் செலவையும் மோப்பம் பிடிக்காதீர்கள். மாதக் கணக்கைத் தீர்மானிப்பது மூன்று நான்கு பெரிய முடிவுகள். எந்த வீடு, எந்த வண்டி, எந்தப் பள்ளி, எத்தனை தவணை. இவை எப்போதோ ஒரு நாள் அரை மணி நேரத்தில் எடுத்த முடிவுகளாக இருக்கும், பல வருடம் காசைத் தின்னும். என்னெதிரே உட்கார்ந்து கணவன் மனைவி சண்டை போடுவது எப்போதும் சின்னச் செலவைப் பற்றித்தான். வண்டித் தவணையைப் பற்றி யாரும் சண்டை போட்டு நான் பார்த்ததில்லை. அது வங்கி தானாக எடுத்துக்கொள்வதால் கண்ணில் படுவதே இல்லை போலிருக்கிறது.

இன்றைய சம்பளத்தில் இடம் இல்லாவிட்டால் அடுத்த உயர்வைப் பிடியுங்கள். ரிச்சர்ட் தேலர், ஷ்லோமோ பெனார்ட்சி என்ற இரண்டு பொருளியலாளர்கள் ஒரு நிறுவனத்தில் இதைச் செய்து பார்த்து 2004-இல் வெளியிட்டார்கள். இப்போது சம்பளத்தைத் தொட வேண்டாம், இனி உயர்வு வரும்போதெல்லாம் அதில் ஒரு பகுதி சேமிப்புக்குப் போகட்டும் என்று ஊழியர்களிடம் முன்கூட்டியே சம்மதம் வாங்கினார்கள். சேர்ந்தவர்களின் சேமிப்பு விகிதம் 40 மாதங்களில் 3.5 சதவீதத்திலிருந்து 13.6 ஆனது. கையில் வராத பணத்தை விட்டுக்கொடுப்பது யாருக்கும் வலிக்காது. உயர்வு வந்து மூன்று மாதம் கழித்து இதைச் செய்யலாம் என்று பார்த்தால் நடக்காது, அதற்குள் அந்தப் பணத்துக்கு ஒரு தவணை முளைத்திருக்கும்.

அப்புறம் செய்ய வேண்டியவை, சட்டென்று சொல்லிவிடுகிறேன். சேமிப்பு ஒரு கணக்கில், “மாதா மாதம் வராத செலவு” வேறு கணக்கில். இரண்டையும் கலந்தால் ஆறே மாதத்தில் பழைய கதை. கார்டின் வரம்பை உயர்த்தித் தருகிறோம் என்று அழைப்பு வந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள், அது யாரும் உங்களுக்குக் கொடுத்த சம்பள உயர்வு இல்லை. “குறைந்தபட்சத் தொகை” என்று பில்லில் அச்சடித்திருப்பதைக் கட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்காதீர்கள். வட்டியில்லாத் தவணை என்றாலும் அது அடுத்த வருட வருமானத்தில் இன்றே கை வைப்பதுதான். வருடத்துக்கு ஒரே ஒரு நாள், ஏதாவது ஒரு தேதியைப் பிடித்துக்கொண்டு, இருப்பு எல்லாவற்றையும் கூட்டி கடன் எல்லாவற்றையும் கழித்து ஒரு எண்ணை எழுதி வையுங்கள். அடுத்த வருடம் அதே தேதியில் மறுபடி. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை 12-ஆல் வகுத்தால், மாதம் எவ்வளவு சேமிக்கிறீர்கள் என்ற கேள்விக்குப் பதில் அதுதான். வீட்டின் விலை ஏறியதை இதில் சேர்க்காதீர்கள், அது நீங்கள் சேர்த்த காசு இல்லை.

கையில் இருந்தால் எடுத்துவிடுவேன் என்று தெரிந்தவர்கள், சுலபமாக எடுக்க முடியாத கணக்கில் போட வெட்கப்பட வேண்டாம். பிலிப்பைன்ஸில் ஒரு வங்கி, தாங்களே குறிக்கும் தேதியோ தொகையோ வரும்வரை பணத்தை எடுக்க முடியாத கணக்கை வாடிக்கையாளர்களுக்குக் கொடுத்துப் பார்த்தது. நான்கில் ஒருவருக்கு மேல் அதை விரும்பித் திறந்தார்கள், ஓராண்டில் அந்தக் குழுவின் சேமிப்பு மற்றவர்களுடையதைவிடக் கணிசமாகக் கூடியது என்று 2006-இல் வெளியான ஆய்வு சொல்கிறது. ஆனால் எல்லாவற்றையும் பூட்டிவிட்டுக் கார்டைத் தேய்க்காதீர்கள், அந்த ஒரு மாதச் செலவுத் தொகை வெளியிலேயே இருக்கட்டும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள், இதைத் திட்டாமல்தான் கேட்கிறேன். இருவராக வந்து உட்காரும்போது, ஒருவருக்குத் தெரியாமல் மற்றவர் வாங்கிய கடன் ஒன்று பெரும்பாலும் எங்கேயாவது ஒளிந்திருக்கிறது. போனில் ஏதோ ஒரு செயலியில் எடுத்தது, அலுவலகத்தில் நண்பரிடம் வாங்கியது, தம்பிக்காகக் கையெழுத்துப் போட்டது. நாங்கள் போட்டுக் கொடுக்கும் திட்டத்தில் அது இருக்காது, தவணைத் தேதி மட்டும் வந்துகொண்டே இருக்கும். இரண்டு மாதத்தில் திட்டம் படுத்துவிடும், “உங்க பிளான் சரிவரல சார்” என்று போன் வரும். வீட்டில் சொல்ல முடியாவிட்டால் முதல் நாள் தனியாக வந்து என்னிடம் சொல்லுங்கள். எப்படிச் சொல்வது என்பதையும் சேர்ந்தே யோசிக்கலாம்.