வெளிநாட்டுப் போன், அடுத்தவர் பெயரில் சிம்: வன்னியில் போன் பாவிப்பவர்கள் கவனிக்க வேண்டியவை

வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரின் பயணப்பையில் சொக்லேட்டோடு ஒரு போனும் இருக்கும். பழைய போன்தான், ஆனால் நல்ல போன். முன்பு நம்முடைய சிம்மைப் போட்டால் வேலை முடிந்தது. இப்போது அப்படியில்லை. பதிவு செய்யப்படாத போன்களுக்கு இலங்கை வலையமைப்புகளில் இடமில்லை என்று தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு 2025 ஜனவரி இறுதியில் அறிவித்தது. அதற்கு முன்பே இங்கே சிம் போட்டுப் பாவனையில் இருந்த போன்களுக்கு இதனால் பாதிப்பில்லை. யோசிக்க வேண்டியவர்கள் புதிதாக வாங்குபவர்களும், வெளியிலிருந்து போன் கிடைக்கப்போகிறவர்களும்தான்.

பதிவு என்பது உங்கள் பெயரைப் பதிவது அல்ல, போனின் அடையாளத்தைப் பதிவது. ஒவ்வொரு போனுக்கும் ஐ.எம்.ஈ.ஐ. (IMEI) என்ற 15 இலக்கங்கள் உண்டு. முதல் எட்டும் அது எந்த மொடல் என்று சொல்லும், அடுத்த ஆறும் அந்தத் தனிப் போனுக்கு உரியவை, கடைசி ஒன்று முன்னால் உள்ளவை சரியா என்று பார்ப்பதற்கான சோதனை இலக்கம். *#06# என்று அழுத்தினால் திரையில் வந்துவிடும். இரண்டு சிம் போடும் போனுக்கு இரண்டு ஐ.எம்.ஈ.ஐ. இருக்கும், இரண்டையும் பார்க்க வேண்டும். போன் டவரோடு இணையும்போது இந்த இலக்கமும் வலையமைப்புக்குப் போகிறது. சிம்மை மாற்றினாலும் அது மாறாது.

சரிபார்ப்பது சுலபம். ஐ.எம்.ஈ.ஐ. என்பதை ஆங்கில எழுத்தில் தட்டி, ஓர் இடைவெளி விட்டு, 15 இலக்கங்களையும் எழுதி 1909-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்புங்கள். பதிவில் உள்ளதா இல்லையா என்று பதில் வரும். கிளிநொச்சி நகரத்திலோ வவுனியா பஸ் நிலையத்துக்குப் பக்கத்திலோ போன் வாங்கும்போது, காசைக் கொடுக்க முன்பே கடை வாசலில் நின்று இதைச் செய்துவிடுங்கள். “அதெல்லாம் ஒண்டும் பிரச்சினை இல்லை அண்ணை, வேலை செய்யும்” என்று கடைக்காரர் சொல்லலாம். சொல்லட்டும், நீங்கள் எஸ்.எம்.எஸ். அனுப்புங்கள். திரையில் வரும் இலக்கமும் பெட்டியில் ஒட்டியிருக்கும் இலக்கமும் ஒன்றா என்றும் பாருங்கள், குறிப்பாக இரண்டாம் கைப் போன் என்றால். போன் விற்பதற்கும் ஆணைக்குழுவின் உரிமம் வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. உரிமம் இருக்கிறதா என்று கடையில் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அப்புறம், பில்லை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டிலிருந்து வந்த போனில் ஒரு குழப்பம் உண்டு. சித்தப்பா இங்கே நின்ற இரண்டு கிழமையும் அது ஒழுங்காக வேலை செய்திருக்கும். ஆனால் அவர் தன்னுடைய ஊர்ச் சிம்மில், ரோமிங்கில் பாவித்திருப்பார். அதை வைத்து உங்கள் சிம்மிலும் ஓடும் என்று நினைக்கக் கூடாது. அவர் விமானம் ஏற முன்பே 1909-க்கு அனுப்பிப் பாருங்கள். பதிவில்லை என்று வந்தால் ஆணைக்குழுவின் 1900-க்கு எடுத்து, தனிப்பட்ட பாவனைக்கு வந்த போனை எப்படிப் பதிவது என்று கேட்டுக்கொள்ளுங்கள். அவருடைய கடவுச்சீட்டுப் பிரதியும் போன் வாங்கிய பில்லும் அப்போதே கையில் இருந்தால் பிறகு அலைச்சல் குறையும்.

சிம் விஷயம் இதைவிடப் பெரியது என்பது என் எண்ணம். வன்னியில் நிறையப் பேர் பாவிக்கும் சிம் அவர்களுடைய பெயரில் இல்லை. காரணம் எல்லாருக்கும் தெரிந்ததே. 2009-இல் போர் முடிந்தபின் முகாம்களிலிருந்து வந்தவர்கள் பலரிடம் அடையாள அட்டையே இருக்கவில்லை. மச்சானின் அட்டையிலோ, பக்கத்து வீட்டு மாமாவின் அட்டையிலோ எடுத்த சிம்தான் இன்றைக்கும் ஓடுகிறது. அந்த மாமா இப்போது பிரான்சில் இருப்பார், அல்லது இறந்திருப்பார். போன் தொலையும் வரை இது யாருக்கும் உறைப்பதில்லை. தொலைந்தபின் அதே இலக்கத்தில் புதுச் சிம் எடுக்கப் போனால், பதிவில் உள்ளவரின் அடையாள அட்டையைக் கேட்பார்கள். வங்கியின் கடவு இலக்கம் வருவதும் அந்த இலக்கத்துக்குத்தான், பிள்ளையின் பாடசாலை வட்சப் குழுவும் அதில்தான். அந்தச் சிம்மால் ஏதாவது குற்றம் நடந்தாலோ, பொலிஸ் முதலில் தேடுவது பெயர் உள்ளவரை.

#132# என்று அழுத்தினால் சிம் உங்கள் பெயரில் இருக்கிறதா என்று பார்க்கலாம். இல்லையென்றால், பதிவில் உள்ளவர் உயிரோடும் ஊரோடும் இருக்கும்போதே இருவருமாக அடையாள அட்டைகளோடு சிம்மைத் தந்த நிறுவனத்தின் கிளைக்குப் போய்ப் பெயரை மாற்றுங்கள். ரீலோட் போடும் கொம்யூனிகேஷன் கடைகள் எல்லாவற்றிலும் இது நடக்காது. மல்லாவி, ஒட்டுசுட்டான் பக்கத்து ஆட்களுக்கு இது ஒரு நாள் வேலை மினக்கெடும் பயணம்தான், இருந்தாலும் போய்வாருங்கள். 075 இலக்கம் வைத்திருப்பவர்கள் எந்தக் கிளை என்று குழம்ப வேண்டாம்: எயார்டெல் 2024-இல் டயலொக்குடன் சேர்ந்துவிட்டது.

போன் திருட்டுப் போனால் முதலில் நிறுவனத்துக்கு எடுத்துச் சிம்மை நிறுத்துங்கள். பிறகு ஐ.எம்.ஈ.ஐ. இலக்கத்தோடு பொலிஸில் முறைப்பாடு. அந்த இலக்கம் இல்லாமல் போனால் முறைப்பாட்டில் எழுத “கறுப்பு நிற சாம்சங்” என்பதைத் தவிர வேறொன்றும் இருக்காது. இன்றே ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள், போனுக்குள் அல்ல.

டேட்டா பற்றியும் கொஞ்சம். விளம்பரத்தில் பெரிதாகப் போட்டிருக்கும் ஜீ.பி. கணக்கில் ஒரு பங்கு இரவுக்கு மட்டும் உரியதாக இருக்கும், நள்ளிரவு தொடங்கிக் காலை வரை. பகலில் பாடம் பார்க்கும் பிள்ளைக்கு அது உதவாது. எந்நேரமும் பாவிக்கும் பங்கு எவ்வளவு என்று மட்டும் பார்த்துப் பொதியைத் தெரிவு செய்யுங்கள். காசு தவறாக வெட்டப்பட்டால், வெட்டிய எஸ்.எம்.எஸ்.ஐ அழிக்காமல் நிறுவனத்திடம் முறையிட்டு, முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். அங்கே தீராவிட்டால்தான் ஆணைக்குழுவின் 1900. 1991-ஆம் ஆண்டின் 25-ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டத்தின் கீழ், இந்த நிறுவனங்களைக் கேள்வி கேட்பது ஆணைக்குழுவின் வேலை.

அரச அலுவலகத்துக்குத் தமிழில் எழுதினால் பதில் வராது என்று சிலர் ஆங்கிலம் தெரிந்தவரைத் தேடி அலைகிறார்கள். தேவையில்லை. தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் அரசியலமைப்பே உரிமை தருகிறது. மொழி காரணமாகத் தட்டிக் கழித்தால் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு முறையிடலாம்.

உங்கள் கிராமத்தில் கவரேஜ் கிடைக்க வயல் வரம்பில் ஏறி நிற்க வேண்டியிருக்கிறதா? தனியாக 1900-க்கு எடுப்பதைவிட, கிராம அபிவிருத்திச் சங்கத்தின் பெயரில் கடிதம் எழுதுங்கள், பிரதேச செயலகத்துக்கும் ஒரு பிரதி போகட்டும். கூடவே 2016-ஆம் ஆண்டின் 12-ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், உங்கள் பகுதிக்கு டவர் அமைக்க விண்ணப்பம் ஏதும் தொலைத்தொடர்புகள் ஆணைக்குழுவிடம் இருக்கிறதா, இருந்தால் எந்த நிலையில் என்று கேளுங்கள். படிவத்துக்குக் காசு இல்லை. தகவல் தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்லியாக வேண்டும். மறுத்தால் முதலில் அதே ஆணைக்குழுவின் மேன்முறையீட்டு அதிகாரிக்கும், பிறகு தகவல் அறியும் உரிமைக்கான ஆணைக்குழுவுக்கும் போகலாம்.