உப்புக்காற்று ஊரில் வால்வு ஸ்பிரிங் மாற்றப் போகிறவர்களுக்கு

"அண்ணே, ஸ்பிரிங் வாங்கிட்டேன். இதப் போட்டா எத்தனை குதிரை கூடும்?"

கீழக்கரைத் தம்பி ஒருவர் போன மாதம் பட்டறைக்கு வந்ததும் கேட்டது இது. வண்டி பழைய ஹோண்டா சிட்டி விடெக். சொந்தக்காரர் மூலம் வளைகுடாவிலிருந்து வரவழைத்த, ஒன்றுக்குள் ஒன்று இருக்கும் டபுள் ஸ்பிரிங் செட் கையில் இருந்தது. பெட்டியின் மேல் 'ரேஸ்' என்று பெரிதாக அச்சிட்டிருந்தார்கள். எந்த உயரத்தில் எத்தனை கிலோ அழுத்தம் என்று சொல்லும் தாள் மட்டும் உள்ளே இல்லை.

ஸ்பிரிங் ஒரு குதிரை சக்தியைக்கூடக் கூட்டித் தராது. சிலிண்டருக்குள் காற்று வரவும் புகை போகவும் வழிவிடுவது வால்வு. அதைத் திறப்பது கேம் என்னும் மூக்குவைத்த சுழல்தண்டு, மூடுவது ஸ்பிரிங். நிமிடத்துக்கு 7,000 சுற்றில் ஓடும் இன்ஜினில், இரண்டு சுற்றுக்கு ஒரு தடவை என்ற கணக்கில், ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 58 தடவை திறந்து மூடுகிறது. அந்த வேகத்தில் ஸ்பிரிங்கால் ஈடுகொடுக்க முடியாவிட்டால் கேமின் தள்ளலை வால்வுக்குக் கொண்டுபோகும் ராக்கர் கேமை விட்டு விலகும், வால்வு தன் சீட்டில், அதாவது மூடும்போது உட்காரும் வளையத்தில், அமராமல் துள்ளும். வால்வு ஃப்ளோட் என்பது இதுதான். சுற்று ஏற ஏற இழுவை படுத்துவிடும். பிஸ்டன் மேலே வரும்போது வால்வு இன்னும் மூடியிருக்கவில்லை என்றால் இரண்டும் முட்டிக்கொள்ளும்.

அதனால் என் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: கேம் மாற்றியிருக்கிறீர்களா, சுற்று எல்லையை உயர்த்தியிருக்கிறீர்களா, காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ போடப் போகிறீர்களா? மூன்றுக்கும் இல்லை என்றால், நல்ல நிலையில் உள்ள கம்பெனி ஸ்பிரிங்கே போதும். டர்போ என்றால் ஏன் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. 31 மில்லி மீட்டர் விட்டமுள்ள இன்டேக் வால்வின் (காற்று உள்ளே வரும் வால்வு) முதுகில் டர்போவின் காற்று 1 பார் பூஸ்டில் அழுத்தினால், அது ஏறக்குறைய ஏழரை கிலோ விசையோடு வால்வைத் திறக்கப் பார்க்கும். மூடி வைத்திருக்கும் ஸ்பிரிங் அழுத்தத்திலிருந்து அவ்வளவும் கழிந்துபோகும்.

கெட்டியான ஸ்பிரிங் நல்ல ஸ்பிரிங் என்று நினைக்கிறவர்கள் அதிகம். தேவைக்கு மேல் கெட்டியாகப் போட்டால் கேம் மூக்கும் ராக்கரும் தேயும், வால்வு சீட்டில் ஓங்கி அடித்து அதைக் குழிக்கும், அந்த அழுத்தத்தை எதிர்த்துச் சுற்றுவதற்கே இன்ஜின் சக்தி செலவாகும். கேம் தயாரித்தவர் சொல்லும் அழுத்தம் எதுவோ அதற்கேற்ற ஸ்பிரிங்கையும், அதே செட்டைச் சேர்ந்த ரிடெய்னரையும் (ஸ்பிரிங்கின் மேல் உட்காரும் தட்டு) லாக்கையும் (அந்தத் தட்டை வால்வுத் தண்டோடு பிடிக்கும் சின்னத் துண்டுகள்) வாங்குங்கள். தாள் இல்லாத பெட்டியை நான் வண்டியில் ஏற்றுவதில்லை. அந்தத் தம்பியிடமும் அதையே சொன்னேன். முகம் வாடித்தான் போனது.

அடுத்தது அளவு. ஸ்பிரிங் உட்காரும் இடத்திலிருந்து ரிடெய்னரின் அடிப்பக்கம் வரை, வால்வு மூடிய நிலையில், உயரம் எடுக்க வேண்டும். ஒரு வால்வுக்கு எடுத்துவிட்டு மற்ற பதினைந்தும் அப்படித்தான் இருக்கும் என்று விடக்கூடாது. கணக்கு எளிது. உயரம் 36 மில்லி, கேம் தூக்கும் தூரம் 10 மில்லி என்று வையுங்கள். முழுதாகத் திறந்தபோது ஸ்பிரிங்குக்கு மிஞ்சுவது 26. சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் உயரம் 24 என்றால் 2 மில்லி இடைவெளி இருக்கிறது, சரி. ஒன்றரைக்குக் கீழே போனால் நான் போடமாட்டேன். சுருள் ஒட்டினால் அது ஸ்பிரிங் இல்லை, இரும்புக்குழாய். கேம் தள்ளுகிற தள்ளலில் ஏதாவது ஒன்று வளையும், அல்லது உடையும். ரிடெய்னரின் அடிக்கும் வால்வுத் தண்டு ஓடும் குழாயான கைடு மேலிருக்கும் ஆயில் சீலுக்கும் இடையிலும் இதே அளவு பாருங்கள். ராக்கர் உள்ள இன்ஜினில் கேமை மட்டும் அளந்தால் ஏமாந்துபோவோம், கேம் தூக்கும் தூரத்தை ராக்கர் பெருக்கித் தரும். அளக்கும் டயல் கேஜை வால்வு மேலேயே வையுங்கள்.

பழைய ஹெட்டில் (வால்வுகள் இருக்கும் இன்ஜினின் மேல்பாகம்) சீட் வெட்டியிருந்தால் வால்வு கொஞ்சம் உள்ளே இறங்கியிருக்கும், அதன் தண்டு அந்த அளவு மேலே வந்திருக்கும். 0.6 மில்லி இறங்கினால் ஸ்பிரிங் உயரமும் 0.6 கூடும். மில்லிக்கு 3 கிலோ விறைப்புள்ள ஸ்பிரிங்கில் ஏறக்குறைய 2 கிலோ அழுத்தம் அங்கே போய்விட்டது. அடியில் ஷிம் என்னும் மெல்லிய வளையம் வைத்து எல்லா வால்வையும் ஒரே உயரத்துக்குக் கொண்டுவர வேண்டும். அரை நாள் வேலை. இந்த அரை நாளை மிச்சம் பிடிக்கச் சொல்கிறவரிடம் வண்டியை விடாதீர்கள்.

இதுவரை சொன்னது எந்த ஊருக்கும் பொருந்தும். இனிச் சொல்வது தொண்டி முதல் தனுஷ்கோடி வரை, ஏர்வாடி வரை, கடல் பார்த்த நம் ஊர்களுக்கு.

பத்து வருஷத்துக்கு முன்னால் ஒரு ஹெட்டைக் கழற்றி வைத்திருந்தேன். கேஸ்கெட் வந்து சேர மூன்று வாரம் ஆனது. ஐப்பசி மாதம், விடாத மழை, கதவில்லாத ஷெட். திரும்பிப் பார்த்தபோது ஸ்பிரிங்குகளில் கடுகு அளவுக்கு அங்கங்கே துருப்புள்ளி. எமரித் தாளால் தேய்த்தேன், பளபளவென்று ஆனது, மாட்டிவிட்டேன். நானூறு கிலோ மீட்டர்கூட ஓடவில்லை, உச்சிப்புளி தாண்டி ஒரு ஸ்பிரிங் இரண்டாக முறிந்தது. வால்வு பிஸ்டனில் அடித்து வளைந்தது, பிஸ்டன் தலையில் ஓட்டை. தப்பு என்னுடையது என்று வண்டிக்காரரிடம் சொல்லி, செலவை நானே ஏற்றேன். முறிந்த துண்டைக் கழுவி லென்ஸ் வைத்துப் பார்த்தேன். முறிவு தொடங்கிய இடத்தில் ஒரு சின்னக் குழி. எமரி துருவின் நிறத்தைத்தான் எடுத்திருந்தது. குழி அப்படியே இருந்தது.

ஸ்பிரிங் கம்பியில் சுமை அதிகம் ஏறுவது அதன் மேல்தோலில். அதனால்தான் தயாரிக்கும்போதே பொடி இரும்புக் குண்டுகளை வேகமாக வீசி அந்தத் தோலை இறுக்குகிறார்கள். எமரி அந்த இறுகிய தோலைத்தான் சுரண்டுகிறது. துருக்குழியும் கீறலும் விரிசலுக்கு வாசல். பிளேயரால் பிடித்த தடம்கூடப் போதும். இன்னொரு பழக்கமும் நம் பக்கம் உண்டு: கக்கூஸ் கழுவும் ஆசிடில் ஊறப்போட்டுத் துரு எடுப்பது. ஆசிடில் கிளம்பும் ஹைட்ரஜன் இந்த மாதிரிக் கடினமான எஃகுக்குள் நுழைந்து அதை நொறுங்குகிறதாக மாற்றிவிடும். பார்க்கப் புதுசு போலவே இருக்கும், ஓடும்போது உடையும். ஆகவே துருப்பிடித்த ஸ்பிரிங்கைச் சுத்தம் செய்யாதீர்கள், தூக்கிப் போடுங்கள். விலை கொடுத்து வாங்கிய புதுசாக இருந்தாலும்.

வராமல் தடுக்க வழி இருக்கிறது. மாட்டும் நாள் வரை பெட்டியைப் பிரிக்காதீர்கள். பிரித்தால் கையுறை போடுங்கள், வியர்வையிலும் உப்பு உண்டு. ஆயில் பூசி, காற்றுப் போகாத பையில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு வையுங்கள். ஹெட்டை போர் தண்ணீரில் அடித்துக் கழுவவே கூடாது. நம் போர் தண்ணீர் பாதி கடல். மண்ணெண்ணெயில் கழுவி, காற்றடித்து, அன்றைக்கே ஆயில் போடுங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் பட்டறைக் கதவு சாத்தியே இருக்கட்டும்.

மாட்டும்போது: ஒரு பக்கம் நெருக்கியும் மறுபக்கம் தளர்த்தியும் சுற்றிய ஸ்பிரிங் என்றால் நெருக்கமான பக்கம் ஹெட்டை நோக்கி. லாக் பள்ளத்தில் நிற்கக் கொஞ்சம் கிரீஸ் வைத்துக்கொள்ளலாம். முடிந்ததும் தண்டின் நுனியில் பிளாஸ்டிக் சுத்தியால் ஒரு தட்டு. லாக் சரியாக உட்காரவில்லை என்றால் அப்போதே தெறிக்கும், கண்ணுக்குக் கண்ணாடி போடாமல் தட்டாதீர்கள். ஹெட்டைக் கழற்றாமல் மாற்றுகிறவர்கள் பிளக் துளை வழியே கயிறு விட்டு, பிஸ்டனை மேலேற்றி வால்வைத் தாங்கவையுங்கள், இல்லாவிட்டால் வால்வு சிலிண்டருக்குள் விழுந்துவிடும். ஸ்டார்ட் செய்யும் முன் கையாலேயே கிராங்கை இரண்டு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள். ஆயிரம் கிலோ மீட்டர் ஓடியதும் டேப்பெட் இடைவெளியை, அதாவது ராக்கருக்கும் வால்வு நுனிக்கும் இடையிலான சந்தை, திரும்பப் பார்க்க வேண்டும்.

சுற்று எல்லையைத் தாண்டாமல் காக்கும் எலக்ட்ரானிக் கட்டுப்பாடு இருக்கிறதே என்று தைரியம் கொள்ளாதீர்கள். ஐந்தாம் கியரிலிருந்து நாலுக்குப் போவதற்குப் பதில் கை தவறி இரண்டில் விழுந்தால், இன்ஜினைச் சுழற்றுவது சக்கரங்கள். எரிபொருளை நிறுத்தி அதைத் தடுக்க முடியாது.

2017-ல் அரிச்சல்முனை வரை தார் ரோடு வந்த பிறகு அந்த நேர்க்கோட்டில் வண்டியைச் சோதிக்க ஆசைப்படும் பிள்ளைகளைப் பார்க்கிறேன். அங்கே ரோட்டில் மணல் ஏறிக் கிடக்கும், வலை தூக்கிக்கொண்டு பெண்கள் நடப்பார்கள். பொது ரோட்டில் பந்தயம் மோட்டார் வாகனச் சட்டம் 189-ஆம் பிரிவின்படி குற்றமும்கூட. இருங்காட்டுக்கோட்டையிலும் கோயம்புத்தூர் கரி ஸ்பீட்வேயிலும் அதற்கென்றே தடம் இருக்கிறது.

ஓட்டும்போது திடீரென்று டிக் டிக் சத்தம் வந்து ஒரு சிலிண்டர் விட்டுப்போனால் உடனே இன்ஜினை அணையுங்கள். டபுள் ஸ்பிரிங்கில் வெளி ஸ்பிரிங் முறிந்தாலும் உள் ஸ்பிரிங் கொஞ்ச நேரம் வால்வைத் தாங்கும், அந்தக் கொஞ்ச நேரத்தில் இன்ஜினைக் காப்பாற்றிவிடலாம். பாம்பன் பாலத்தின் நடுவில் நின்றாலும் சரி, இன்னொரு தடவை சாவியைத் திருப்பாதீர்கள். ஓரம் தள்ளி நிறுத்தி, ஹசார்ட் விளக்கைப் போட்டு, கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வாருங்கள்.