கழுத்தில் 80, தோளில் 240

ஐஸ்லாந்துக்காரர்கள் போடும் கம்பளி ஸ்வெட்டரைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். உடம்பெல்லாம் ஒரே நிறம். கழுத்தைச் சுற்றி மட்டும் பூ விரிந்த மாதிரி இரண்டு மூன்று நிறங்களில் இதழ் இதழாகத் தோள்வரை இறங்கும். அங்கே அதற்கு லோபாபெய்ஸா என்று பெயர். லோபி என்பது முறுக்கு அதிகம் ஏறாத கம்பளி நூல், பெய்ஸா என்றால் ஸ்வெட்டர். வைக்கிங் காலத்துச் சமாச்சாரம் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். செம்மறி ஆடு வேண்டுமானால் அவர்களோடு கப்பலேறி வந்தது. ஸ்வெட்டர் இந்த உருவத்துக்கு வந்தது இருபதாம் நூற்றாண்டின் நடுவில்தான். 2020-ல் ‘ஐஸ்லாந்து லோபாபெய்ஸா’ என்ற பெயருக்கே சட்டப் பாதுகாப்பு வாங்கிவிட்டார்கள்: ஐஸ்லாந்துக் கம்பளியில், ஐஸ்லாந்திலேயே, கையால் பின்னியிருந்தால்தான் அந்தப் பெயர்.

இதில் தையலே கிடையாது. தையற்காரர்கள் யோக் என்று சொல்லும் அந்தத் தோள்பகுதி, மடிப்போ மூட்டோ இல்லாமல் வட்டமாக விரிகிறது. இதைக் கீழிருந்து மேலேயும் பின்னலாம், கழுத்தில் தொடங்கி இறங்கியும் வரலாம். நான் இறங்கி வருகிற கட்சி. ஏன் என்பது கடைசியில் தெரியும். முதலில் அந்த விரிவின் கணக்கைப் பார்ப்போம்.

போட்டிருக்கும் பனியனை ஒரு பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். வரிசை வரிசையாகச் சின்னச் சின்ன ‘வி’க்கள் தெரியும். திருப்பூரில் இயந்திரம் போடுவதும் ஐஸ்லாந்துப் பாட்டி ஊசியில் போடுவதும் அடிப்படையில் இதே கண்ணிதான். ஒரு வளையத்துக்குள் இன்னொரு வளையம், அதற்குள் இன்னொன்று. ஸ்வெட்டருக்கு வட்ட ஊசி வேண்டும்: இரண்டு சிறு ஊசிகளை ஒரு மெல்லிய வயர் இணைத்திருக்கும். அதில் கண்ணிகளை ஏற்றிச் சுற்றிச் சுற்றிப் பின்னினால் குழாய் கிடைக்கும்.

நடுத்தரப் பருமனுள்ள லோபி நூலில், 4.5 மில்லிமீட்டர் ஊசியில், 10 சென்டிமீட்டர் அகலத்துக்கு 18 கண்ணி, அதே உயரத்துக்கு 24 சுற்று விழும். அதாவது கண்ணி சதுரமில்லை, உயரத்தைவிட அகலம் அதிகம். இந்த இரண்டு எண்களை வைத்துக்கொண்டு ஒரு கேள்வி: நடுவில் ஓட்டையுள்ள தட்டையான வட்டம் ஒன்று பின்ன, சுற்றுக்கு எத்தனை கண்ணி கூட்ட வேண்டும்? ஒரு சுற்றின் உயரம் 0.42 செ.மீ. ஆரம் அவ்வளவு கூடினால் சுற்றளவு அதைப்போல 6.28 மடங்கு, அதாவது 2.6 செ.மீ. கூடியாக வேண்டும். பள்ளிக்கூடத்தில் படித்த அதே பை (π)தான், இரண்டால் பெருக்கியது. 2.6 செ.மீ. என்பது 4.7 கண்ணி. ஆகவே சுற்றுக்கு 4.7 கூட்டினால் தட்டை, ஒன்றுமே கூட்டாவிட்டால் குழாய். 4.7-ஐத் தாண்டிக் கூட்டிக்கொண்டே போனால் ஓரம் சுருக்குச் சுருக்காக, பாவாடை ஃபிரில் மாதிரி எழும்பும். (இந்த ஃபிரிலுக்குக் கணிதத்தில் பெரிய மரியாதை உண்டு. கார்னெல் பல்கலைக்கழகத்தில் டாய்னா டாய்மினா 1997-ல் குரோஷே என்ற கொக்கி ஊசியால் இப்படிக் கூட்டிக்கூட்டித்தான், அதுவரை மாணவர்கள் கையில் பிடித்துப் பார்ப்பதே பெரும்பாடாக இருந்த ஹைபர்பாலிக் தளத்தை, அதாவது எங்கு பார்த்தாலும் தட்டையைவிட அதிகமாக விரியும் பரப்பை, செய்து காட்டினார்.)

தோளுக்கு வேண்டியது குழாயுமில்லை, தட்டுமில்லை. கழுத்தில் 80 கண்ணி ஏற்றினால் 44 செ.மீ. சுற்றளவு. தோள், மார்பு, முதுகு, இரண்டு புஜம் எல்லாம் சேர்த்துச் சுற்றி அளந்தால் சுமார் 133 செ.மீ. வேண்டும், அது 240 கண்ணி. இந்த மூன்று மடங்கு வளர்ச்சியை 22.5 செ.மீ. ஆழத்தில், அதாவது 54 சுற்றில் முடிக்க வேண்டும். 160 கண்ணியை 54-ஆல் வகுத்தால் சுற்றுக்கு ஏறக்குறைய மூன்று. தட்டைக்கு வேண்டிய 4.7-ல் இது மூன்றில் இரண்டு பங்குகூட வராது. ஒரு வட்டக் காகிதத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் வெட்டி எடுத்துவிட்டு மிச்சத்தைச் சுருட்டினால் என்ன வரும்? கடலைப் பொட்டலம். நுனியை வெட்டிவிட்டுக் கவிழ்த்தால் அதுதான் யோக்.

சரி, சுற்றுக்கு மூன்று மூன்றாகக் கூட்டிக்கொண்டே போகலாமே? ஒற்றை நிற ஸ்வெட்டர் என்றால் தாராளமாகப் போகலாம். கோலம் இருந்தால் நடக்காது. எட்டுக் கண்ணிக்கு ஒருமுறை திரும்ப வரும் கோலத்தின் நடுவே எங்கேயோ மூன்று கண்ணி முளைத்தால் அந்த இடத்தில் இதழ் கோணிக்கொள்ளும்.

துணி எவ்வளவு பெருந்தன்மையானது என்பதில்தான் இதற்கு விடை இருக்கிறது. இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவின் விஸ்கான்சினில் வாழ்ந்த எலிசபெத் சிம்மர்மன் என்ற பின்னல் ஆசிரியை இதை நன்றாகப் புரிந்துவைத்திருந்தார். அவருடைய பை சால்வையில் சுற்றுக்குச் சுற்று கூட்டும் வேலையே இல்லை. ஆரம் இரட்டிக்கும் இடத்தில் மட்டும் கண்ணிகளை ஒரேயடியாக இரட்டிக்க வேண்டியது, அப்புறம் அடுத்த இரட்டிப்புவரை சும்மா பின்னிக்கொண்டே போக வேண்டியது. கணக்குப்படி படிப்படியாக நிற்க வேண்டிய வட்டம், நனைத்து விரித்தால் தட்டையாகப் படுத்துவிடும். கண்ணிகள் வளைந்த நூல்தானே, பக்கத்துக் கண்ணியிடமிருந்து கொஞ்சம் நூலைக் கடன் வாங்கிச் சரிசெய்துகொள்ளும்.

யோக்கிலும் அதே தந்திரம். 80 கண்ணி என்பது 20 இதழ், இதழுக்கு 4 கண்ணி. நான்கே நான்கு சுற்றுகளில் மட்டும், இதழுக்கு 2 வீதம் 40 கண்ணி கூட்டுகிறோம்: 80, 120, 160, 200, 240. இதழ் எண்ணிக்கை மாறுவதில்லை, எப்போதும் 20. ஒவ்வொன்றின் அகலம் மட்டும் 4, 6, 8, 10, 12 என்று பெருக்கிறது. கழுத்தருகே ஒற்றைப் புள்ளியாக இருந்தது இறங்க இறங்க மொட்டாகி, இலையாகி விரிவது அழகுக்காக மட்டும் என்று நினைத்திருந்தேன். கூம்பு கேட்கும் கண்ணிகளை ஒளித்துவைக்கிற இடமே அதுதான்.

கூட்டும் சுற்று பெரும்பாலும் ஒரே நிறத்தில் இருக்கும், குழப்பம் இருக்காது. ஊசியில் நிற்கும் இரண்டு கண்ணிகளுக்கு நடுவே ஏணிப்படி மாதிரி ஒரு குறுக்கு நூல் கிடக்கும். அதை இடது ஊசியால் தூக்கி, ஒரு முறுக்கு கொடுத்துப் பின்னினால் புதுக் கண்ணி. அந்த முறுக்கை மறந்தால் அங்கே ஓட்டை.

இரண்டு நிறம் வரும் சுற்றில் இரண்டு நூலும் கூடவே வரும். வெள்ளையில் பின்னும்போது கறுப்பு நூல் பின்பக்கம் சும்மா ஓடும், கறுப்பு முறை வந்தால் வெள்ளை ஓடும். இதனால் துணி இரட்டைத் தடிமனாகிறது, நடுவில் காற்று தங்குகிறது. குளிர்காற்று முதலில் வந்து மோதும் தோளில் இது வெறும் அலங்காரம் இல்லை. ஆனால் ஒரு விலை உண்டு. பின்னல் துணி இழுபடுவது நூல் இழுபடுவதால் அல்ல, வளைந்த கண்ணி நிமிர்வதால். பின்னால் ஓடும் நூலோ ஏற்கெனவே நேராகக் கிடக்கிறது. நிமிர அதற்கு வளைவே இல்லை. நான் பின்னிய முதல் யோக்கில் இது தெரியாமல், ‘நூல் தொங்கக்கூடாது’ என்று ஒவ்வொரு முறையும் இறுக்கி இழுத்துவிட்டேன். முன்பக்கம் பார்க்க அம்சம். தலைக்கு மேல் போட்டால் காதோடு நின்றுவிட்டது! 30 சுற்றைப் பிரித்தேன். இப்போது நிறம் மாற்றும் முன் வலது ஊசியில் இருக்கும் கண்ணிகளைக் கொஞ்சம் பரப்பிவிடுகிறேன். சிலர் வேலையையே உள்வெளியாகத் திருப்பிவைத்துப் பின்னுவார்கள். அப்போது ஓடும் நூல் வளையத்தின் வெளிப்பக்கம் போவதால் தானாகவே சற்று நீளமாக விழும்.

அதிக நீளமும் ஆபத்து. ஐந்து கண்ணியைத் தாண்டி நூல் சும்மா ஓடினால், போடும்போது விரல் அதில் மாட்டும். 12 கண்ணி அகல இதழில் ஒன்பது கண்ணி ஒரே நிறம் என்றால் பின்னால் ஐந்து சென்டிமீட்டர் நூல் தொங்கும். அகன்ற இதழின் நடுவில் வேறு நிறத்தில் ஒரு புள்ளி வைத்திருப்பார்களே, அது பாதி அழகு, பாதி இந்த விரலுக்காக.

மேலிருந்து இறங்குவதில் சின்ன வேடிக்கைகள் உண்டு. போட்டுக்கொள்ளும்போது எல்லா ‘வி’யும் கவிழ்ந்திருக்கும். கோலப் படத்தையும் தலைகீழாகத்தான் படிக்க வேண்டும். அப்புறம், சுற்று என்று நாம் சொன்னாலும் அது முழுவட்டம் இல்லை, ஸ்பிரிங் மாதிரி இறங்கும் சுருள். சுற்று தொடங்கும் இடத்தில் பட்டைகள் ஒரு படி தப்பி நிற்கும். அதை முதுகுப்பக்கம் தள்ளிவிடுவது வழக்கம், யாரும் பார்க்கப்போவதில்லை. கழுத்து முன்னால் சாய்ந்திருப்பதால் பின்பக்கம் சில சென்டிமீட்டர் உயரம் கூட வேண்டும். அதற்கு ஒற்றை நிறப் பகுதியில் முதுகு மட்டும் முன்னும் பின்னுமாக நாலைந்து வரிசை பின்னிச் சேர்ப்பார்கள்.

240 வந்ததும் பிரிவினை. முன்னுக்கு 74, முதுகுக்கு 74, கைக்கு 46, 46. கைக் கண்ணிகளைப் பழைய நூலில் கோத்து ஓரமாக நிறுத்திவிட்டு, ஒவ்வொரு அக்குளிலும் புதிதாக 10 கண்ணி ஏற்றினால் உடம்பு 168 கண்ணி, 93 செ.மீ. இனிமேல் மூன்று குழாய்தான், மூளைக்கு வேலை இல்லை. அக்குள் மூலையில் மட்டும் ஓட்டை விழும். எல்லாருக்கும் விழும், கடைசியில் வால் நூலால் அடைத்துக்கொள்ளலாம்.

ஊசியிலிருந்து இறக்கியதும் யோக் மேடும் பள்ளமுமாக, பார்க்கவே சோர்வாக இருக்கும். பயப்பட வேண்டாம். கம்பளி என்பது கெரட்டின், நம் தலைமுடி மாதிரி. நனைத்தால் அதன் ஹைட்ரஜன் பிணைப்புகள் விடுபடும், விரித்துக் காயவைத்தால் புது வடிவத்தில் மறுபடி கட்டிக்கொள்ளும். நான்கு தாவலாகக் கூட்டிய கண்ணிகள் ஒரே சரிவாகப் படிவது இந்த ஈரத்தில்தான். பருத்தி நூல் இவ்வளவு ஒத்துழைக்காது.

இறங்கி வருகிற கட்சி என்று சொன்னேனே, அதற்கு வருகிறேன். பாதியில் போட்டுப் பார்த்து நீளத்தை முடிவுசெய்யலாம் என்பது ஒரு காரணம். எனக்கு இன்னொன்று முக்கியம். பின்னல் முடிந்த முனையிலிருந்து நூலை இழுத்தால் கண்ணிகள் சரசரவென்று அவிழும். தொடங்கிய முனையிலிருந்து இழுத்தால் ஒவ்வொரு கண்ணிக்குள்ளும் நுனியை விட்டு எடுத்தால்தான் வரும். ஸ்வெட்டரில் முதலில் நைந்துபோவது மணிக்கட்டு, குழந்தைக்கு முதலில் போதாமல் போவது கையின் நீளம். இறங்கிவந்த ஸ்வெட்டரில் முடியும் முனை அங்கேதான் இருக்கிறது. முடிச்சைத் தேடி அவிழ்த்து, நைந்ததைப் பிரித்து, கண்ணிகளை மறுபடி ஊசியில் ஏற்றினால் அடுத்த குளிருக்கு இரண்டு அங்குலம் கூட்டிவிடலாம். அதனால் மிச்ச நூலுருண்டையைத் தூக்கிப்போடாமல், சாய எண் எழுதிய அட்டையோடு ஒரு பையில் வைத்துவிடுங்கள்.